ஏட்டையா எழுதிய இங்கிலீஷ் கடுதாசி

ஏட்டையா எழுதிய மாதிரி இங்கிலீஷ் இந்த உலகத்தில் வேறு யாரும் எழுதியதில்லை. இங்கிலீஷ்காரர்களையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

தென்காசியில் ஒரு மருந்துக்கடைக்கு மேல்மாடியில் இங்கிலீஷ் எழுதச் சொல்லித் தருகிறேன். வருகிறவர்கள் பெரும்பாலும் துபாய்க்கும் கத்தாருக்கும் கிளம்பும் பிள்ளைகள். 'ஐ ஆம் ஹேவிங் ஒன் பிரதர்', 'ஐ டிட் நாட் வென்ட்' என்று எல்லாரும் ஒரே தப்பைத்தான் செய்வார்கள். அங்கேதான் ஒருநாள் வடகரையிலிருந்து, போலீஸில் ஏட்டாக இருந்து ரிட்டயர்டான ஒருவர் வந்து முன் பெஞ்சில் விறைப்பாக உட்கார்ந்தார். ரிஜிஸ்டரில் பேர் இருக்கிறது. கூப்பிடுவது ஏட்டையா என்றுதான்.

'என் குடும்பம்' பற்றி எழுதச் சொன்னேன். 'தி ஒய்ஃப். தி மதர். எ பிரதர்-இன்-லா' என்று எழுதியிருந்தார்.

"ஏட்டையா, எல்லாருக்கும் 'மை' போடணும்."

"அதெப்படி டீச்சர்? ஸ்டேஷன் ஃபைல்ல 'தி இன்ஸ்பெக்டர் அரெஸ்டட் எ தீஃப்'னுதான இருக்கும்? பெரிய ஆளுக்கு 'தி', சில்லறைப் பயலுக்கு 'எ'. மரியாதைலா? எம் மச்சினன் செஞ்ச காரியத்துக்கு 'எ'-யே ஜாஸ்தி."

'ஐ' என்ற எழுத்தைப் பெரிதாகப் போடவே மாட்டார். "நான்னு சொல்லுததுக்குப் பெரிய எழுத்தா? அந்தத் திமிருலதான் வெள்ளைக்காரன் நாட்டையே விட்டுட்டுப் போனான்" என்பார். ஒரே வாரத்தில் பாதி வகுப்பு அவர் கட்சிக்குப் போய்விட்டது. சுரண்டையிலிருந்து வரும் நர்ஸ் பெண் ஒருத்தி, வேலைக்கு விண்ணப்பத்தை 'டியர் தி சார்' என்று ஆரம்பித்தாள்.

ஒருநாள் வகுப்பு முடிந்தும் ஏட்டையா எழுந்திருக்கவில்லை.

"எம் மவன் ஜெர்மனியில அந்த ஊர்ப் பிள்ளையைக் கட்டிக்கிட்டான் டீச்சர். என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கல. ரெண்டு வருசமா பேச்சு கிடையாது. இப்ப சம்பந்தக்காரங்க எங்களைப் பாக்கணும்னு சொல்லி விட்டுருக்காங்க. அவன்ட்டப் போயி, பதில் எழுதிக் குடுலேன்னு கேக்க முடியுமா? அதுக்குத்தான் இந்த வயசுல இங்க வாரேன்."

கடிதத்தை நீட்டினார். அருவியில் குளிப்பதற்கு 'ஃபால்' என்று அவராகவே ஒரு வினைச்சொல் கண்டுபிடித்திருந்தார். 'ப்ளீஸ் கம் அண்ட் ஃபால் வித் அஸ் இன் குற்றாலம். சில்ட்ரன், ஓல்ட் மென், ஆல் ஆர் ஃபாலிங் ஹேப்பிலி. டோன்ட் ஃபியர். தி போலீஸ் வில் ஸ்டேண்ட் அண்ட் வாட்ச். ஆஃப்டர் ஃபாலிங், வி வில் ஈட் பரோட்டா.'

பதறிப்போய் முழுக்கத் திருத்தி எழுதிக் கொடுத்தேன். இரண்டு தடவை படித்தார்.

"நல்லாத்தான் இருக்கு. ஆனா நீங்க கூப்பிடுத மாதிரில்லா இருக்கு? மவனைப் பெத்தவன் நான்."

தன் கடிதத்தையே தபாலில் போட்டுவிட்டார். எனக்கு மூன்று வாரம் சோறு இறங்கவில்லை. என் மாணவரால் ஒரு குடும்பம் பிரியப் போகிறது என்றே நினைத்தேன்.

பதில் வந்தது. சம்பந்தியம்மாள் எழுதியிருந்தார். 'வி ஹேவ் பிகம் யுவர் லெட்டர். மை மேன் ஹேஸ் நீ பெயின். ஃப்ரம் ஹவ் ஹை மஸ்ட் ஹி ஃபால்?'

"நம்ம கடுதாசியாவே ஆயிட்டாங்களாம் டீச்சர்!" ஏட்டையா கடிதத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

"கடிதம் கிடைச்சதுங்கறதைத்தான் அப்படித் தப்பா..."

"சும்மா இருங்க. அந்தம்மாவும் நம்ம கட்சிதான்."

சாரல் சமயத்தில் மகனோடு வந்தார்கள். துணைக்கு என்னையும் குற்றாலத்துக்கு வரச் சொல்லியிருந்தார் ஏட்டையா. ஜெர்மன் சம்பந்தி காரிலிருந்து இறங்கினார்: தலையில் சைக்கிள் ஹெல்மெட், முட்டிக்கு முட்டி உறை, முகத்தில் எதற்கும் துணிந்த களை. மெயின் அருவியில் பந்தோபஸ்துக்கு நின்ற போலீஸ்காரர் விசில் ஊதினார்.

"ஹெல்மெட்டைக் கழத்துங்க சார்!"

"விடுலே, அவரு விழ வந்திருக்காரு" என்றார் ஏட்டையா. போலீஸ்காரர் சல்யூட் அடித்து வழிவிட்டார்.

தண்ணீர் ஹெல்மெட்டில் தவில் வாசித்தது. யாரும் எங்கிருந்தும் விழ வேண்டியதில்லை என்று சம்பந்திக்குப் புரிந்ததும் குழந்தை மாதிரிச் சிரித்தார். அந்தச் சிரிப்பில் கால் வழுக்க, கூடக் குளித்துக்கொண்டிருந்த ஏட்டையா அவர் கையைப் பிடித்தார். கொஞ்சம் தள்ளி, அப்பாவைப் பார்க்காமல் துண்டோடு நின்றுகொண்டிருந்தான் மகன்.

"ஏலே! அங்கன என்னலே பராக்கு பாக்க? இங்கன வந்து ஒங்க மாமாவைப் புடிலே!"

இரண்டு வருடத்துக்குப் பிறகு அதுதான் முதல் பேச்சு. மகன் ஷூவோடு அருவிக்குள் ஓடினான். அவன் மூக்குக்கண்ணாடி தண்ணீரோடு போயிற்று. ஒரு கையில் சம்பந்தியையும் மறு கையில் மகனையும் பிடித்துக்கொண்டு ஏட்டையா வெகுநேரம் வெளியே வரவே இல்லை.

இப்போது பேத்தி பிறந்து, அவளைப் பார்க்க ஜெர்மனி போயிருக்கிறார். இந்த மாதம் வகுப்பில் எல்லாரும் ஓரளவு சரியாகவே எழுதுகிறார்கள். எனக்குத்தான் மாடிப்படி ஏறவே மனசு வரமாட்டேன் என்கிறது.