கிளியனூர் எந்தப் பக்கம்?

எதையும் காகிதத்தில் எழுதி எண் போட்டுவிட்டால் பாதி வேலை முடிந்துவிட்டது என்று நம்புகிற ஆள் நான். ஊருக்குப் புறப்படும்போது பெட்டிக்குள் என்னென்ன இருக்கிறது என்று பட்டியல் எழுதி, அந்தப் பட்டியலையும் பெட்டிக்குள்ளேயே வைத்துப் பூட்டியிருக்கிறேன். (கடைசி வரி: பட்டியல்.) மெக்கானிக்கல் படித்ததால் இந்த வியாதி வந்ததா, வியாதி இருந்ததால் மெக்கானிக்கல் எடுத்தேனா என்று எங்கள் வீட்டில் இன்னும் தீர்ப்பு வரவில்லை.

அந்த நம்பிக்கை ஒரு முறை திண்டிவனத்தில், ஒரு கல்லூரி மைதானம் நிறைய ஆட்கள் பார்க்க, குப்புற விழுந்தது. கூடவே நானும் விழுந்தேன். இன்று நினைத்தால் வெட்கத்துக்கு முன்னால் ஒரு பெரிய ‘அப்பாடா’தான் வருகிறது.

விழுப்புரத்துக்கு வெளியே எங்கள் பொறியியல் கல்லூரி. அதன் பெண்கள் கூடைப்பந்து அணிக்கு நான் கேப்டன். (நான்கு பேர் வேண்டாம் என்று சொன்ன பிறகு மிச்சமிருந்தவள்.) மூன்று வருடமாக நாங்கள் ஓர் ஆட்டம்கூட ஜெயித்ததில்லை. எங்கள் கோர்ட்டை ஒட்டித்தான் கல்லூரிப் பேருந்துகள் நிற்கும். வருடா வருடம் வண்டிகள் கூடிக்கொண்டே வந்ததில், கடைசி வண்டியின் பின்புறம் வெள்ளைக் கோட்டைத் தாண்டி உள்ளே வந்துவிட்டது. அந்த மூலையிலிருந்து பந்து போடுகிறவள் டயரில் முதுகைச் சாய்த்துக்கொண்டுதான் போட வேண்டும்.

நான்காம் ஆண்டு தொடக்கத்தில் தாளாளர் என்னையும், அணியில் என்னோடு ஆடுகிற மோகனாவையும் அறைக்குக் கூப்பிட்டார்.

“வண்டிங்க வெயில்ல நிக்குதும்மா. அந்த எடத்துல ஒரு ஷெட்டு போட்டுடலாம்னு இருக்கேன்.”

“சார், அது கோர்ட்டு சார்.”

“கோர்ட்டுதான். நீங்க அதுல இன்னா பண்றீங்கன்னு நானும் மூணு வருஷமா பாத்துக்கினுதான இருக்கேன்.” மேசையிலிருந்த சுற்றறிக்கையை எடுத்துப் புரட்டினார். “சரி, திண்டிவனத்துல போட்டி வருதுன்றாங்க. அதுல ஒரு மேட்ச், ஒண்ணே ஒண்ணு, ஜெயிச்சுட்டு வாங்க. ஷெட்ட வேற எங்கனா போட்டுக்கறேன். இல்லன்னா நீங்களே நின்னு வண்டிங்கள ரிவர்ஸ் பாத்து உள்ள வுடுங்க.”

வெளியே வந்ததும் மோகனா படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டாள். அவள் மரக்காணம் பக்கத்துக் கடலோரக் குப்பத்துப் பெண். அப்பா, அண்ணன்மார் எல்லாரும் கடலுக்குப் போகிறவர்கள். அவள் ஐந்தடி பதினொரு அங்குலம். விடுதியில் தங்கிப் படித்தாள்.

“உனக்கின்னாடி, நாலரை ஆனா பஸ் ஏறி வூட்டுக்குப் போயிடுவ. ஹாஸ்டல்ல எங்கள கேட்ட வுட்டு வெளிய அனுப்பறதே இந்த ஒரு மணி நேரம்தான். இதுவும் பூடுச்சுன்னா நான் ரூம்ல ஃபேனப் பாத்துக்கினு படுத்துக் கெடக்கணும். கடலப் பாத்து வளந்தவடி நானு.”

“நான் பாத்துக்கறேன்” என்றேன். சொன்ன கையோடு பையிலிருந்து நோட்டை எடுத்துத் தேதி போட்டேன்.

அதுவரை எங்களிடம் ஒரே திட்டம்தான் இருந்தது: பந்தை உயரமாகத் தூக்கி மோகனாவிடம் எறி. இது எல்லாக் கல்லூரிக்கும் தெரிந்திருந்தது. அவளைச் சுற்றி மூன்று பேர் நிற்பார்கள். நான் அடுத்து வந்த விடுமுறை முழுக்க வீடியோ பார்த்து ‘பிக் அண்ட் ரோல்’ என்கிற உத்தியைக் கண்டுபிடித்தேன். (உலகம் பல காலமாக ஆடிக்கொண்டிருந்ததை நான் கண்டுபிடித்தேன்.) விஷயம் எளிது. பந்து என்னிடம் இருக்கிறது. எதிரணிக்காரி ஒருத்தி என்னை மறிக்கிறாள். என் தோழி ஒருத்தி வந்து அவள் பக்கத்தில் தூண் மாதிரி நிற்பாள். நான் தூணை உரசிக்கொண்டு ஓடுவேன். என்னைத் துரத்துகிறவள் தூணில் முட்டிக்கொள்வாள். தூண் உடனே திரும்பிக் கூடையை நோக்கி ஓடும். எங்கள் இருவரில் யாரை மறிப்பது என்று அவர்கள் குழம்புவதற்குள் பந்து கூடைக்குள். ஒரே நிபந்தனை, முட்டுகிற வரை தூண் ஆடக்கூடாது. ஆடினால் ஃபவுல்.

எங்கள் பி.டி. சார் அடிப்படையில் கபடிக்காரர். நான் பலகையில் அம்புக்குறி போட்டு விளக்கியதைக் கடைசி வரை பொறுமையாகக் கேட்டார். “ஒருத்தி வழி மறிக்கறது, ஒருத்தி பூந்து போறது. அவ்ளோதான? செய்யுங்க” என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போனார்.

பதினான்கு விதிகள் எழுதி, ஆளுக்கொரு பிரதி அச்சடித்துக் கொடுத்தேன். ஐந்தாம் விதி: என்ன நடந்தாலும் தூண் ஆடக்கூடாது. பதினொன்றாம் விதி: ஆட்டத்தின் நடுவில் திட்டத்தை மாற்றக்கூடாது. ஒன்பதாம் விதிதான் என் பெருமை. தூண் எந்தப் பக்கம் நிற்க வேண்டும் என்று நான் கத்திச் சொல்ல வேண்டுமே, ‘இடது’, ‘வலது’ என்றால் எதிரிக்கும் புரிந்துவிடாதா? அதற்கு ஒரு சங்கேதம்.

என் அப்பா விழுப்புரம் – திண்டிவனம் பேருந்தில் கண்டக்டர். சின்ன வயதிலிருந்து நிறுத்தங்களின் பெயர் கேட்டு வளர்ந்த காது எனக்கு. வரைபடத்தை விரித்தேன். கூடைதான் திண்டிவனம். கீழேயிருந்து திண்டிவனத்துக்கு வர இரண்டு சாலைகள்: இடது பக்கச் சாலையில் விக்கிரவாண்டி, வலது பக்கச் சாலையில் கிளியனூர். ஆகவே ‘விக்கிரவாண்டி’ என்று கத்தினால் தூண் என் இடது பக்கம். ‘கிளியனூர்’ என்றால் வலது. அறிவியல்பூர்வம். மறக்கவே முடியாது. யாராலும்.

அந்த ‘யாராலும்’ என்பதில் எதிரணியும் அடக்கம் என்பது எனக்குத் தோன்றவில்லை. திண்டிவனத்தில், திண்டிவனத்துக் கல்லூரிப் பெண்களோடு ஆடப்போகிற ஆட்டம் அது.

காலையில் ஆட்டம். எங்கள் தூண் ரேவதி, எதற்கும் அசராத எலெக்ட்ரிகல் மாணவி. முதல் கால் பகுதி எழுதி வைத்தபடியே நடந்தது. “விக்கிரவாண்டி” என்றேன், ரேவதி இடது பக்கம் நின்றாள், என்னை மறித்த ஒன்பதாம் நம்பர் பெண் அவள் மேல் போய் முட்டினாள், நான் கூடைக்குள் போட்டேன். “கிளியனூர்” என்றேன், வலது பக்கம் அதே கதை. எட்டுப் புள்ளி முன்னிலை. பி.டி. சார் அன்றைக்கு டீ குடிக்கப் போகவில்லை.

இரண்டாம் கால் பகுதியில் நான் “கிளியனூர்” என்று கத்தியதும், ரேவதி வருவதற்கு முன்பே ஒன்பதாம் நம்பர் அந்த இடத்தில் போய் நின்றாள். அடுத்த முறை “விக்கிரவாண்டி” என்றேன். அங்கேயும் முன்னாடியே நின்றாள். இடைவேளையில் தண்ணீர் டிரம்மின் பக்கத்தில் அவளே மரியாதையாகக் கேட்டாள்.

“ஏங்க, நீங்க கிளியனூருங்களா?”

“இல்லீங்க. ஏன்?”

“இல்ல, எங்க ஊர்ப் பேரச் சொல்லிச் சொல்லி கத்தறீங்களே. நான் டெய்லி அங்க இருந்துதான் காலேஜுக்கு வர்றேன். எங்க ஊரு எந்தப் பக்கம்னு எனக்குத் தெரியாதுங்களா?”

ரேவதி என்னை ஓரமாக இழுத்தாள். “பேர மாத்துடி ஜல்தியா. இட்லி, தோசைன்னு எதுனா வெச்சுக்கலாம்.”

“பதினொண்ணாவது விதி” என்றேன் நான். அமைதியாகத்தான் சொன்னேன். எந்தச் சூழ்நிலையிலும் அமைதி இழக்காதவள் என்று எனக்குப் பெயர் உண்டு. (அமைதியாகத் தவறு செய்கிறவர்களைத் தடுப்பது மிகவும் கஷ்டம் என்று ரேவதி இப்போதும் சொல்வாள்.)

மூன்றாம் கால் பகுதிக்குள் பார்வையாளர்களும் கணக்கைப் புரிந்துகொண்டார்கள். நான் “விக்கிரவாண்டி” என்றதும் ஓரத்திலிருந்து ஒரு குரல், “டோல்கேட் எறங்கறவங்க முன்னாடி வாங்க.” “கிளியனூர்” என்றதும், “பாண்டி போறவங்க ஏறாதீங்க, இது கிளியனூரோட நிக்கற கட் சர்வீஸு.” கைதட்டல். அந்தக் கைதட்டலுக்கு நடுவில் காக்கிச் சட்டையோடு, தோளில் தோல்பையோடு, என் அப்பா உள்ளே வந்தார். வண்டி திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் நிற்கிற அரை மணி நேரத்தில், மகள் ஆட்டத்தை முதல் முறையாகப் பார்க்க வந்திருந்தார். நுழைந்ததும் அவர் காதில் விழுந்தது, மகள் தொண்டை கிழிய “விக்கிரவாண்டி, விக்கிரவாண்டி” என்று கூவியது.

எல்லைக்கோட்டின் பக்கத்தில் வந்து மெதுவாகக் கேட்டார். “ஏம்மா, என் டூட்டிய நீ ஏம்மா பாக்கற?”

அதன் பிறகு நான் அந்தப் பக்கமே திரும்பவில்லை.

எதிரிகள் எல்லாரும் முன்கூட்டியே இடம் பிடித்துவிட, ரேவதி அவர்களைத் தேடித் தேடிப் போய் நின்றாள். போய் நிற்பது என்றால் ஆடுவது, ஆடினால் ஃபவுல். கடைசி நிமிடத்தில் ஐந்தாவது ஃபவுலும் விழுந்து, ஐந்துக்கு மேல் ஆட விடமாட்டார்கள் என்பதால், வெளியே போனாள். அந்த ஃபவுலால் கைமாறிய பந்தை எதிரணி கூடைக்குள் போட்டது. நாங்கள் ஒரு புள்ளி பின்னால். பந்து எங்களுடையது. மிச்சம் பதினெட்டு விநாடி. என் கண்ணுக்கு முன்னால் பேருந்து ஷெட்டின் தகரக் கூரை பளபளத்தது.

பி.டி. சார் டைம் அவுட் கேட்டார். இனி தூணாக நிற்க மோகனாதான் இருந்தாள். அவள் அதுவரை கூடைக்கடியில் மட்டுமே நின்று பழகியவள்.

“விதியெல்லாம் படிச்சல்ல?” என்றேன்.

“படிச்சேன்டி. அஞ்சு வரைக்கும்.”

“மிச்சம்?”

“ஊருக்குப் போனப்போ எங்கம்மா அந்தப் பேப்பர்ல மல்லாட்டைய மடிச்சு அண்ணன்கிட்ட குடுத்துட்டாங்க.” (வேர்க்கடலைக்கு எங்கள் பக்கம் மல்லாட்டை.)

“ஒன்பதாவதாவது தெரியுமா? கிளியனூர்னா எந்தப் பக்கம்?”

“இத்தினி நேரமா அதத்தான கத்திக்கினு இருக்க. தெரியும், போ.”

விசில் அடித்தது. பந்து என் கைக்கு வந்தது. ஒன்பதாம் நம்பர் எதிரில். நான் நெஞ்சு நிறைய மூச்சு இழுத்து “கிளியனூர்” என்றேன்.

சொன்னதும் ஒன்பதாம் நம்பர் என் வலது பக்கம் பாய்ந்தாள். அவள் தோழிகள் இரண்டு பேர் அதே பக்கம் பாய்ந்தார்கள். பார்வையாளர்களின் தலைகள்கூட அந்தப் பக்கம் திரும்பின. நானும் விதிப்படி வலது பக்கமே ஓடினேன். அங்கே தூண் இல்லை. அவர்கள் மூன்று பேர்தான் இருந்தார்கள். முட்டினேன். மூக்குக் கண்ணாடி ஒரு திசை, நான் ஒரு திசை. பந்து கையிலிருந்து நழுவி, யாருமே இல்லாத இடது பக்கம் உருண்டது.

யாருமே இல்லை என்பது தவறு. அங்கே மோகனா நின்றுகொண்டிருந்தாள். இரண்டு கையையும் மார்பில் கட்டிக்கொண்டு, கலங்கரை விளக்கம் மாதிரி. பந்து உருண்டு போய் அவள் காலில் தட்டி நின்றது. குனிந்து எடுத்தாள். எடுத்துக்கொண்டு மறுபடியும் அப்படியே நின்றாள். நான் தரையில் கிடந்தபடி அவளைப் பார்க்கிறேன். அவள் என்னைப் பார்க்கிறாள். அவளுக்கும் கூடைக்கும் நடுவில் ஒரு குருவிகூட இல்லை. ஐந்தாம் விதியை அவ்வளவு ஒழுங்காகக் கடைப்பிடித்த ஒருத்தியை நான் அதற்கு முன்பும் பார்த்ததில்லை, பின்பும் பார்த்ததில்லை.

அப்போது ஓரத்திலிருந்து இருபத்திரண்டு வருட சர்வீஸ் உள்ள ஒரு குரல் எழுந்தது. “எல்லாம் ஏறியாச்சு. போலாம், போலாம்.”

மோகனா போனாள். ஒரு தட்டு, இரண்டு எட்டு, கூடைக்குள் பந்தை ஏதோ அலமாரியில் டப்பா வைப்பது போல வைத்தாள். நேரம் முடிந்ததென்று நடுவர் விசில் அடித்தார். ஒரு புள்ளியில் ஜெயித்துவிட்டோம்.

யாரோ என் கண்ணாடியைக் கொண்டுவந்து கொடுத்தார்கள். மாட்டிக்கொண்டு பார்த்தால் ஒன்பதாம் நம்பர். “நல்லா ஏமாத்துனீங்க” என்றாள், நிஜமான மரியாதையோடு. நான் மறுக்கவில்லை.

மோகனாவைப் பிடித்தேன். “கிளியனூர்னா வலது பக்கம்டி. ஏன் இடது பக்கம் நின்ன?”

“எங்க ஊர்ல இருந்து திண்டிவனம் வந்தா கிளியனூர் ரோடு இடது கைப் பக்கம்தான வந்து சேருது” என்றாள். “இத்தினி நேரம் ரேவதி தப்பாப் போய் நிக்கறாளேன்னு பாத்துக்கினு இருந்தேன். சொன்னா மனசு கஷ்டப்படுவான்னு சொல்லல.”

வரைபடத்தில் நான் விழுப்புரத்திலிருந்து மட்டும்தான் பார்த்திருந்தேன். மரக்காணத்திலிருந்தும் ஒரு சாலை இருக்கிறது என்பது என் பதினான்கு விதிகளில் எதிலும் இல்லை.

மதியம் நடந்த அடுத்த ஆட்டத்தில் முப்பது புள்ளி வித்தியாசத்தில் தோற்றோம். பரவாயில்லை, தாளாளர் ஒன்றுதான் கேட்டிருந்தார். மறுநாள் “எப்படிம்மா ஜெயிச்சீங்க?” என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் பி.டி. சார் “பிளானிங் சார்” என்றார். ஷெட் கேன்டீனுக்குப் பின்னால் போனது. கோட்டைத் தாண்டி நின்ற வண்டியையும் எடுத்துவிட்டார்கள். அன்று மாலை மோகனா டயர் இல்லாத மூலையில் நின்று பந்தைத் தட்டிக்கொண்டே இருந்தாள்; கூடைக்குப் போடக்கூட இல்லை.

அப்பாவோ இந்தக் கதையை டிப்போவில் சொன்னார், பிறகு சொந்தக்காரர்களிடம், பிறகு ரேஷன் கடை வரிசையில். எங்கள் வீட்டில் இன்றுவரை யாராவது வழியில் நின்றால், “நகரு” என்று யாரும் சொல்வதில்லை. அம்மா கொதிக்கிற குழம்போடு வந்தாலும் “கிளியனூர்” என்றுதான் சொல்வார். வீடே வலது பக்கம் ஒதுங்கும். நான் மட்டும் அந்த நாளிலிருந்து இடது பக்கம் ஒதுங்குகிறேன். அனுபவம்.

போன வருடம் என் நிச்சயதார்த்தம். மேடையில் கூட்டம் தாங்கவில்லை. போட்டோக்காரர், “பொண்ணு வீட்டுக்காரங்க ஒரு பக்கமா கொஞ்சம் நகருங்க” என்றார். கீழேயிருந்து அப்பா பழக்கதோஷத்தில் குரல் கொடுத்தார், “கிளியனூர், கிளியனூர்.” என் வீட்டார் அத்தனை பேரும் வலது பக்கம் போனார்கள். நானும், எனக்குத் துணையாக நின்ற மோகனாவும், ரேவதியும் இடது பக்கம் போனோம். (ரேவதியும் மாறிவிட்டிருந்தாள்.) ஆல்பத்தில் முதல் படம் அதுதான். நடுவில் பெரிய இடைவெளி, அதில் மாப்பிள்ளை மட்டும் தனியாக.

அன்றைக்கு அவர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி, “கிளியனூர்ல உங்களுக்கு யாராவது சொந்தக்காரங்க இருக்காங்களா?”

இல்லை என்றேன். படத்தை இப்போதும் அடிக்கடி எடுத்துப் பார்ப்பேன். சுற்றி இவ்வளவு கலவரம் நடந்தும், மனிதர் நின்ற இடத்தை விட்டு ஆடவே இல்லை. ஐந்தாம் விதியை அவருக்கு யாரும் சொல்லிக்கூடக் கொடுத்திருக்கவில்லை.