வேனுக்குக் காட்டிய கை

கர்த்தருக்குள் பிரியமான மச்சான் போதகர் அவர்களுக்கு,

மெத்தைக் கடையிலிருந்து உங்கள் தங்கை வீட்டுக்காரன் மரியாதையோடு எழுதிக்கொள்வது. உங்கள் ஜெபத்தால் இங்கே உங்கள் தங்கை சுகம், அத்தை சுகம், அத்தையின் முழங்கால் வலியும் குறையில்லாமல் சுகமாக இருக்கிறது. அங்கே அக்காவும் பிள்ளைகளும் நலமாக இருப்பார்கள் என்று நம்புகிறேன். இதையெல்லாம் போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் நான் போனில் இரண்டு வார்த்தை பேசியதுமே நீங்கள் ஜெபிக்க ஆரம்பித்துவிடுகிறீர்கள். ஆமென் சொன்ன கையோடு வைத்தும் விடுகிறீர்கள். கடிதத்துக்கு நடுவில் புகுந்து யாரும் ஜெபிக்க முடியாது என்பதால் கடிதம்.

விஷயத்துக்கு வருகிறேன். வருகிற ஞாயிற்றுக்கிழமை இங்கே வந்து, சபையார் எல்லாருக்கும் முன்னால் என்னை சபையை வழிநடத்தும் மூப்பர்களில் ஒருவன் ஆக்கப் போகிறீர்கள். தயவுசெய்து வேண்டாம். நான் இரட்சிக்கப்படவில்லை. பதறாமல் உட்கார்ந்து படியுங்கள். உங்கள் தங்கைக்கு இன்னும் தெரியாது.

நீங்கள் வந்து நடத்திய அந்த மூன்று நாள் கூட்டத்தின் கடைசி மாலையை நினைத்துப் பாருங்கள். "எல்லாரும் கண்ணை மூடுங்கள், யாரும் யாரையும் பார்க்க வேண்டாம், இரட்சிப்பு வேண்டும் என்கிறவர்கள் மட்டும் கையை உயர்த்துங்கள்" என்று சொன்னீர்கள். எல்லாரும் மூடினார்கள். நானும் மூடினேன், ஆனால் தெருவில் சரக்கு நிற்கும்போது ஒரு வியாபாரியின் கண் முழுசாக மூடாது மச்சான், அது தொழில் கொடுத்த வியாதி. வெளியே நம் வேன் நின்றது, பின்னால் மெத்தைகள் திறந்தபடி கிடந்தன, வானம் கறுத்துக்கொண்டு வந்தது. பக்கவாட்டு வாசலில் டிரைவர் வந்து நின்று, தார்ப்பாயை இழுத்து மூடவா என்று சைகையில் கேட்டான். மூடு என்று கையைத் தூக்கிக் காட்டினேன். உடனே நீங்கள் மைக்கில், "அதோ! நடுவில் ஒரு கை! கண்டேன், கண்டேன்!" என்றீர்கள். ஐயோ, இது அதற்கில்லை என்று சொல்லத்தான் கையை இப்படியும் அப்படியும் ஆட்டினேன். "பாருங்கள், கையை ஆட்டி ஆட்டிக் கேட்கிறார்!" என்று மேடையிலிருந்து இறங்கியே வந்துவிட்டீர்கள்.

தோளில் கைபோட்டு என்னை முன்னால் கூட்டிப்போனீர்கள். நீங்கள் சொல்லச் சொல்ல நானும் சொன்னேன். முடிந்ததும், "மாப்பிள்ளை, உள்ளுக்குள்ள ஏதாவது தெரியுதா?" என்று கேட்டீர்கள். "ஒண்ணுமே தெரியல மச்சான்" என்றேன். அந்த இடத்தில் நான் பொய் சொல்லவில்லை, குறித்துக்கொள்ளுங்கள். "அதுதான் மாப்பிள்ளை விசுவாசம்! உணர்ச்சிய நம்பக் கூடாது. இன்னையிலிருந்து நீங்க இரட்சிக்கப்பட்டவர்" என்றீர்கள். "பின்னால சந்தேகம் வந்தா?" என்று கேட்டேன். "பிசாசு வந்திருக்கான்னு அர்த்தம். விரட்டிடுங்க" என்றீர்கள். ஒன்றும் தெரியாவிட்டால் விசுவாசம், சந்தேகம் வந்தால் பிசாசு. எந்தப் பக்கம் விழுந்தாலும் நான் உள்ளேதான். நானும் பொருளுக்கு உத்தரவாதம் கொடுக்கிறவன்தான். ஐந்து வருஷம் கொடுப்பேன், அதிலும் தண்ணீர் படக் கூடாது, பிள்ளைகள் குதிக்கக் கூடாது என்று ஆயிரம் நிபந்தனை போடுவேன். நீங்களோ நித்தியத்துக்கும் சேர்த்து, ஒரு நிபந்தனையும் இல்லாமல், நின்ற இடத்திலேயே கொடுத்தீர்கள். வலிய வந்த சரக்கை எந்த வியாபாரி திருப்பி அனுப்புவான்? அதுவுமில்லாமல், இரண்டாவது வரிசையில் உங்கள் தங்கை ஆனந்தக் கண்ணீர் விட்டுக்கொண்டிருந்தாள். கல்யாணத்தன்றுகூட அவள் என்னை அப்படிப் பார்க்கவில்லை. அந்த முகத்துக்கு முன்னால் போய் வேன், தார்ப்பாய் என்று பேச எனக்கு மனசு வரவில்லை.

அதற்கப்புறம் என்னைச் சாட்சி சொல்லச் சொன்னீர்களே, அங்கே பிடித்தது சனி. "முன்னால எப்படி இருந்தேன், இப்ப எப்படி இருக்கேன், அவ்வளவுதான் மாப்பிள்ளை" என்றீர்கள். எனக்கு முன்னாலும் பின்னாலும் ஒன்றாகவே இருந்தது. மேடையில் நின்று ஒன்றுமில்லை என்றா சொல்ல முடியும்? வாய்க்கு வந்தபடி, பெரிய குடிகாரனாக இருந்தேன் என்று சொல்லிவிட்டேன். சபை அல்லேலூயா என்றது. உங்கள் அம்மா அல்லேலூயா சொல்லவில்லை. வீட்டுக்கு வந்ததும் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்து, "என் பொண்ணை ஒரு குடிகாரனுக்கா கட்டிக் கொடுத்தேன்! ஒரு நாளாவது வாயத் திறந்து சொன்னாளா பாவி மக!" என்று அழுதார்கள். உங்கள் தங்கை, "நீங்க எப்பங்க குடிச்சீங்க? எனக்குத் தெரியாம எங்க போய்க் குடிச்சீங்க?" என்று பிடித்துக்கொண்டாள். குடிக்கவில்லை என்றால் மேடையில் பொய் சொன்னவன் ஆவேன், குடித்தேன் என்றால் வீட்டில் சோறு கிடைக்காது. என் மெத்தைக் கிடங்கை வாடகைக்கு விட்டவர்கூட ஆள் வைத்து விசாரித்தார், உள்ளே பாட்டில் கீட்டில் இருக்கிறதா என்று. இன்றைக்கு வரைக்கும் நான் கொஞ்சம் தலை சுற்றி உட்கார்ந்தால் அத்தை பக்கத்தில் வந்து மோப்பம் பிடிக்கிறார்கள். குடிக்காமலே குடியை விட்டவன் இந்த உலகத்தில் நான் ஒருத்தன்தான்.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டு மூப்பர் ஆகியிருப்பேன். எதிர்க்கடை உம்மணாமூஞ்சிதான் கெடுத்தார்.

அவரை உங்களுக்குத் தெரியும். எனக்கு நேர் எதிரே மெத்தைக் கடை. சிரித்ததை யாரும் பார்த்ததில்லை, அதனால் தெருவே அவருக்கு அந்தப் பெயர் வைத்திருக்கிறது. அதே கடைசி மாலைக் கூட்டத்துக்கு அவரையும் அவர் மனைவி இழுத்துவந்திருந்தார். நீங்கள் கையைத் தூக்கச் சொல்வதற்கு முன்பே எழுந்து போனார். "சிலர் இருதயத்தைக் கல்லாக்கிக்கொண்டு வெளியே போகிறார்கள்" என்று மைக்கில் அவரைத்தான் சொன்னீர்கள். நேரே கடைக்குப் போன மனிதர், விற்பனைக்கு வைத்திருந்த ஒரு மெத்தையை எடுத்துப் போட்டுத் தையலைப் பிரித்திருக்கிறார். உள்ளே என்ன இருந்திருக்கும் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை என்று நினைத்தேன், ஆனால் நீங்கள் தொழில் தெரியாதவர், சொல்லிவிடுகிறேன். யாரோ படுத்துக் கிழிந்த பழைய பஞ்சு, வெட்டி எறிந்த ஃபோம் துண்டுகள், மேலே மட்டும் பூப் போட்ட புது உறை. தைத்து முடித்துவிட்டால் பெற்ற தாய்க்கும் தெரியாது. அவர் அப்படித்தான் தைத்தார். நானும் அப்படித்தான் தைக்கிறேன்.

அடுத்த வாரத்திலிருந்து, வாங்கிப்போனவர்களுக்கெல்லாம் ஆள் அனுப்பி, உள்ளே பழசு, கொண்டுவந்தால் மாற்றித் தருகிறேன் என்றார். தெருவே சிரித்தது, நான் எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தேன். கடை வாசலில் பழைய மெத்தைகள் மலையாகக் குவிந்தன. ஆள் ஒழிந்தார் என்று நினைத்தேன். அப்புறம் எல்லா மெத்தைக்கும் ஒரு பக்கம் ஜிப் வைத்துவிட்டார். வருகிறவர்கள் திறந்து, கையை விட்டுப் பார்த்துவிட்டு வாங்கலாமாம். அதோடு என் சிரிப்பு நின்றது. என் கடைக்கு வருகிறவர்களும், "உங்க மெத்தைல ஜிப் இல்லையா?" என்று கேட்க ஆரம்பித்தார்கள். "ஜிப் வெச்சா மூட்டைப்பூச்சி உள்ள போயிடும்மா" என்று சொல்லிச் சமாளித்தேன். அதைச் சொன்னபோது நான் இரட்சிக்கப்பட்டவன், உங்கள் கணக்கில்.

அந்த மனிதர்தான் உங்களிடம் வந்து ஞானஸ்நானம் கேட்டார். "எந்தத் தேதியில் இரட்சிக்கப்பட்டாய்?" என்று கேட்டீர்கள். தெரியவில்லை என்றார். "இரட்சிக்கப்பட்ட நிச்சயமாவது இருக்கிறதா?" என்று கேட்டீர்கள். தெரியவில்லை என்றார். நிச்சயம் வந்தபின் வா என்று அனுப்பிவிட்டு, எனக்குப் போன் போட்டு, "மாப்பிள்ளை, நீங்க அனுபவப்பட்டவர். எதிர்லதானே இருக்கீங்க, போய் அவருக்கு நிச்சயத்தைச் சொல்லிக் கொடுங்க" என்றீர்கள். தெருவைக் கடந்து போனேன். அங்கே நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

"வாங்க. மெத்தை பாக்க வந்தீங்களா, என்னைப் பாக்க வந்தீங்களா?" என்றார், முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல்.

"மச்சான் அனுப்பிச்சார். உங்களுக்கு நிச்சயம் இல்லையாமே? அது தப்பாச்சே. தேதியாவது யோசிச்சு ஒண்ணு சொல்லக் கூடாதா?"

"எங்க பாப்பா எந்தத் தேதில நடக்க ஆரம்பிச்சான்னு கேட்டாலே எனக்குத் தெரியாதுங்க. நடக்கிறா. அவ்வளவுதான் தெரியும்."

"அப்ப இரட்சிக்கப்பட்டேன்னு அடிச்சுச் சொல்ல வேண்டியதுதானே?"

"ஒரு நாள் சொல்லலாம் போல இருக்கு. மறுநாள் பழைய ஆள் எட்டிப் பாக்கிறான். நேத்து ஒரு அம்மாகிட்ட பொய் சொல்ல வாயத் திறந்துட்டேன். பாதியில மூடிக்கிட்டேன். எனக்கே கேவலமாப் போச்சு. கடைய அடைச்சிட்டு அவர் கால்லயே விழுந்து கிடந்தேன்."

"யார் கால்ல?" என்று கேட்டேன் மச்சான். வருகிற ஞாயிறு மூப்பராகப் போகிறவன், கர்த்தரைப் போய் யார் என்று கேட்டேன். அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். எனக்குக் காது மடல் சுட்டது. சமாளித்துக்கொண்டு, "எனக்கெல்லாம் சந்தேகமே வர்றதில்ல" என்றேன்.

"கொடுத்து வெச்சவர். எப்படி அவ்வளவு நிச்சயம்?"

"மச்சான் சொன்னார்."

"எதைப் பாத்துச் சொன்னார்?"

"கையை."

"உறையப் பாத்திருக்கார்" என்றார். "பிரிச்சுப் பாத்தாரா?"

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. பக்கத்தில் கிடந்த மெத்தையை நகர்த்தி, உட்காருங்கள் என்றார். உட்காராமல் வந்துவிட்டேன்.

மச்சான், நான் படித்தவன் இல்லை. தோளில் மெத்தையைச் சுமந்து தெருத் தெருவாக விற்று, அப்புறம் கடை போட்டவன். வேதத்தில் உங்களோடு வாதம் பண்ண எனக்குத் தெரியாது, ஆனால் சரக்கைப் பற்றிப் பேச எனக்குத் தெரியும். மனந்திரும்பினீர்களா என்று நீங்கள் என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால், வேன் என்று அன்றைக்கே சொல்லியிருப்பேன். கூட்டம் முடிந்ததும் எத்தனை கை என்று நீங்கள் மேலிடத்துக்கு எழுதி அனுப்பியாக வேண்டும், அதுவும் எனக்குத் தெரியும், மாதக் கடைசியில் என் விற்பனைப் பையன்களும் அப்படித்தான் தவிக்கிறார்கள். ஆனால் உறையைத் தடவிப் பார்த்துவிட்டு உத்தரவாதம் கொடுப்பது என் பிழைப்பு. நீங்களும் அதையே செய்தால் ஜனங்கள் எங்கே போவார்கள்? பயந்து நடுங்கி உள்ளதைச் சொல்கிறவரை வாசலில் நிறுத்திவிட்டு, கொஞ்சமும் பயமில்லாத என்னை மேடையில் ஏற்றுகிறீர்கள். நான் அங்கே ஏறி நின்றால் என்னைப் பார்த்து இன்னும் நாலு பேர் நிம்மதியாகத் தூங்கிவிடுவார்கள்.

ஆகவே நான் கேட்பது இரண்டு. எதிர்க்கடைக்காரருக்குத் தேதி கேட்காமல் ஞானஸ்நானம் கொடுங்கள். எனக்குக் கொடுத்த நிச்சயத்தை வாபஸ் வாங்கிக்கொள்ளுங்கள். உங்கள் தங்கையிடம் நானே பக்குவமாகச் சொல்கிறேன். இதைப் படித்துவிட்டு, மாப்பிள்ளை திருந்தப் போகிறான் என்று ஜெபக் குறிப்பில் போட்டுவிடாதீர்கள். எனக்கு அந்த உத்தேசமே இல்லை. ஜிப் வைக்கப்போவதும் இல்லை. நான் இரட்சிக்கப்படாதவனாக, சௌகரியமாக, பழைய மாதிரியே தைத்துக்கொண்டிருப்பேன். கணக்கு நேராக இருக்க வேண்டும் என்பதற்காக மட்டும் எழுதினேன்.

அக்காவுக்கு என் வணக்கத்தையும், பிள்ளைகளுக்கு என் அன்பையும், உங்கள் சபையாருக்கு ஒரு பொதுவான ஸ்தோத்திரத்தையும் சொல்லுங்கள். கர்த்தர் உங்களைக் காப்பாராக. என்னைப் பற்றி அவரே பார்த்துக்கொள்ளட்டும்.

இப்படிக்கு,
உங்கள் தங்கை வீட்டுக்காரன்

பின்குறிப்பு: கடிதத்தை உறையில் போட்டு ஒட்டினேன், மறுபடி கிழித்து இதை எழுதுகிறேன். சற்று முன் ஒரு பெண் கடைக்கு வந்தாள். அவளுடைய அப்பா படுத்த படுக்கையாகக் கிடக்கிறாராம், முதுகெல்லாம் புண்ணாம். இருக்கிற மெத்தையிலேயே மெத்தென்று இருந்த ஒன்றைத் தொட்டுக் காட்டி, "உள்ள புதுசுதானேங்க?" என்றாள். இந்தக் கேள்விக்கு நான் யோசித்துப் பதில் சொன்னதே கிடையாது. வாயைத் திறந்தேன். வரவில்லை. விற்பனைப் பையன் என்னையே பார்க்கிறான், அவள் பார்க்கிறாள், நான் மீன் மாதிரி வாயைத் திறந்து திறந்து மூடுகிறேன். கடைசியில், "இது வேண்டாம்மா. இது நல்லதில்ல. எதிர்க்கடைக்குப் போ, அங்க திறந்து பாத்து வாங்கு" என்றேன். அவள் போனதும் மெத்தைக் குவியலுக்குப் பின்னால் போய் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்திருக்கிறேன். எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. யார் காலில் என்று நான் எதிர்க்கடைக்காரரிடம் கேட்டேனே, அதை இனி யாரிடமும் கேட்க மாட்டேன். சாப்பாடு கொண்டுவந்த உங்கள் தங்கை என் முகத்தைப் பார்த்துவிட்டு, "என்னங்க ஆச்சு? டாக்டரைக் கூப்பிடவா?" என்கிறாள். இந்தத் தடவை அவளுக்கு ஆனந்தக் கண்ணீரெல்லாம் வரவில்லை. அத்தை என் வாயை மோந்து பார்த்துவிட்டு, ஒன்றுமில்லையே என்று குழம்பிப்போய் நிற்கிறார்கள்.

மேலே எழுதியதில் சௌகரியம் என்ற வார்த்தையை அடித்துவிடுங்கள். ஞாயிறு வரைக்கும் காத்திருக்க வேண்டாம், உடனே புறப்பட்டு வாருங்கள் மச்சான், எனக்குப் பயமாக இருக்கிறது. ஒரே ஒரு வேண்டுகோள். வந்ததும் என் தோளில் கைபோட்டு, நீங்கள் இரட்சிக்கப்பட்டுவிட்டீர்கள் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். இப்போதுதான் ஏதோ ஆரம்பித்திருக்கிறது.