கண்காணிப்பாளரின் சஸ்பென்ஷன்

சாலைப் பராமரிப்பு அலுவலகத்தில் புகார்ப் பிரிவு என்று ஒன்று உண்டு. சாலையைப் பராமரிப்பது அந்தப் பிரிவின் வேலை அல்ல. சாலையைப் பற்றி வரும் புகார்களைப் பராமரிப்பதுதான் வேலை. அந்தப் பிரிவின் கண்காணிப்பாளருக்கு நேர்ந்ததைத்தான் சொல்லப்போகிறேன்.

எந்தத் தெருவிலிருந்து என்ன புகார் வந்தாலும் அவர் எழுதும் பதில் ஒன்றே: "மேற்படி சாலை சிறப்பான நிலையில் உள்ளது என்பதைப் பெருமகிழ்ச்சியுடன் தெரிவித்துக்கொள்கிறோம்." பொய் எழுதுகிறோமே என்ற உறுத்தல் அவருக்கு இருந்ததில்லை. புகார்ப் பிரிவுக்காரர்கள் சாலையை நேரில் போய்ப் பார்க்க விதியில் இடமில்லை. பார்க்காத ஒன்றைப் பற்றி நல்லபடியாக நினைப்பதுதானே பண்பு? தினமும் அவர் அலுவலகத்துக்கு வருவது குண்டும் குழியுமான ஒரு சாலையில்தான். ஆனால் அது சொந்த ஹோதாவில் பார்த்தது. சொந்த ஹோதாவில் பார்த்ததை அரசாங்கக் காகிதத்தில் எழுத முடியாது.

அவருடைய கார் வயதானது. மகள் பால் புட்டியோடு ஏறிய கார் அது. அவள் படித்து முடித்து வெளியூரில் வேலைக்கும் போய்விட்டாள், கார் இன்னும் வேலையை விடவில்லை. முன்பக்கம் கடகடக்கும், பின்பக்கம் டங்கென்று இடிக்கும், திரும்பினால் முனகும். ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறினால் அடுத்த பள்ளம் வரும்வரை தலையாட்டிக்கொண்டே இருக்கும். அந்தக் குணம் கண்காணிப்பாளருக்குப் பிடித்திருந்தது. அவரும் மேலதிகாரி அறையில் அப்படித்தான்.

மனைவி பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். நாளெல்லாம் நின்று நின்று அவளுக்கு முதுகுத் தண்டில் வட்டு விலகியிருந்தது. வாராவாரம் பிசியோதெரபிக்குக் கூட்டிப் போனார். அங்கே ஒரு மணி நேரம் நீவி, இழுத்து, நிமிர்த்தி அனுப்புவார்கள். வீடு வந்து சேர்வதற்குள் கார் அவளைப் பழையபடி மடக்கி வைத்துவிடும். படி ஏறும்போது சுவரைப் பிடித்துக்கொள்வாள். ஒருநாள் பிசியோதெரபிஸ்ட் பொறுமை இழந்து, நான் கட்டுவதை நீங்கள் இடித்துக்கொண்டிருந்தால் எப்படி, ஒன்று ரோட்டை மாற்றுங்கள், இல்லாவிட்டால் காரை மாற்றுங்கள் என்று கண்காணிப்பாளரிடம் சொல்லிவிட்டார்.

இரண்டில் எது நடக்காத காரியம் என்பது கண்காணிப்பாளரைவிட வேறு யாருக்குத் தெரியும்? புதுக் கார் வாங்கவும் வழியில்லை. ஆகவே இருக்கிற காரின் சஸ்பென்ஷனைச் சரிசெய்வது என்று முடிவானது.

அதற்காக அரை நாள் விடுப்பு கேட்டார். காரணம் என்ற இடத்தில் "சஸ்பென்ஷன் தொடர்பாக" என்று எழுதினார். அவர் படி இறங்குவதற்குள் செய்தி மூன்றாம் மாடிக்கு ஏறிவிட்டது. திரும்பி வந்தபோது அவருடைய நாற்காலியில் உதவியாளர் உட்கார்ந்து, உயரத்தைத் தன் காலுக்கு ஏற்றபடி மாற்றிக்கொண்டிருந்தார். டைப்பிஸ்ட் அம்மா கண் கலங்க, எல்லாம் சரியாகிவிடும் சார் என்றார். சஸ்பென்ட் ஆனது தான் அல்ல, கார்தான் என்று கண்காணிப்பாளர் விளக்கியபோது, பலருக்கு முகம் வாடிப்போனது.

அந்த அரை நாள் விடுப்பில் மெக்கானிக் காரைத் தூக்கிக் கீழே போய்ப் பார்த்துவிட்டு, ஆஸ்பத்திரி டாக்டர் போல நிதானமாக வெளியே வந்தார். நான்கு ஷாக் அப்சார்பரும் போய்விட்டன, ரப்பர் புஷ் எல்லாம் மாவாகிவிட்டது, ஸ்பிரிங் மட்டும் நன்றாக இருக்கிறது என்றார். எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்ற வேண்டாம், இந்த மாதம் முன்பக்கம், பிறகு பின்பக்கம், கம்பெனி பெட்டியில் வரும் விலை கூடிய சாமான் வேண்டாம், நல்ல சாதாரண சரக்கே போதும் என்றும் சொன்னார். கண்காணிப்பாளர் தலையாட்டினார். அந்த வாரக் கடைசியில் மைத்துனர் வந்திராவிட்டால் கதை அதோடு முடிந்திருக்கும்.

மைத்துனர் மனைவியின் தம்பி. காரைப் பற்றிய வீடியோக்களைப் பார்த்தே காரோட்டக் கற்றவர். பழைய மாதிரி சஸ்பென்ஷனை யாராவது இந்தக் காலத்தில் போடுவார்களா என்று அவர் ரொம்பவும் வருத்தப்பட்டார். இப்போது நாகரிகம் தெரிந்தவர்கள் எல்லோரும் காரைத் தாழ்த்தி, விறைப்பான ஸ்பிரிங் போட்டுக்கொள்கிறார்களாம்.

"மாமா, கார் மெத்துமெத்துன்னு போனா அதுக்குப் பேரு கட்டில்," என்றார். "ரோடு நம்மகிட்ட பேசணும். அதை நாம கேக்கணும்."

நண்பர் ஒருவர் கழற்றிப் போட்ட ரேஸ் கார் ஸ்பிரிங் செட் சல்லிசாக வருகிறது என்றார். மெக்கானிக் சொன்னதைவிட அது மலிவு. மலிவும் நாகரிகமும் கைகோத்து வந்தால் எந்தக் குடும்பத் தலைவரால் தாங்க முடியும்? செட் ஏறியது. பழைய ஸ்பிரிங்குகள் பரணுக்குப் போயின. கார் தரையோடு தரையாக உட்கார்ந்தது.

ரோடு பேசியது. சும்மா சொல்லக்கூடாது, ஒரு கூழாங்கல் விடாமல் பேசியது. வேகத்தடை வந்தால் எல்லோரும் இறங்கி, காரை மட்டும் உரசிக்கொண்டே தாண்ட வைத்து, மறுபடி ஏற வேண்டியிருந்தது. மனைவி கைப்பையைப் பல்லுக்கு நடுவே கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அப்படி மூன்றாவது தடவை பிசியோதெரபிக்குப் போய்விட்டு வந்தவள், இனி பஸ்ஸில் போய்க்கொள்கிறேன் என்றாள். பஸ் நிறுத்தம் வரை அவளால் நடக்க முடியாது என்பது இருவருக்கும் தெரியும்.

அந்தச் சமயம் பார்த்து வருடாந்திரத் தகுதிச் சோதனை வந்தது. பழைய கார் அதில் தேறாவிட்டால் தெருவில் ஓடக்கூடாது. சோதனை ஆய்வாளர் விதிமுறையைக் கரைத்துக் குடித்தவர். காரின் மூலையை இரண்டு கையாலும் அழுத்தினார். கார் அசையவில்லை. உடம்பைச் சாய்த்து அழுத்தினார். அவருடைய காலணிதான் வழுக்கியது.

"அழுத்தின வாகனம் ஒருமுறை எழும்பி அமைதி அடையணும். அதுதான் விதி. இது எழும்பவே இல்லையே," என்றார்.

"அமைதியா இருக்கே சார்," என்றார் கண்காணிப்பாளர்.

"இருக்கிறது வேற, அடையறது வேற. இது முதல்லேர்ந்தே அமைதியா இருக்கு. எழும்பாம எப்படி அடையும்?"

அடுத்து ஓட்டிப் பார்த்தார். திரும்பி வந்து இறங்கியபோது, சட்டைப் பையிலிருந்த பேனா, கண்ணாடி, சில்லறை எல்லாம் காரின் தரையில் கிடந்தன. அது காரின் குறை அல்ல, ரோடு அப்படி என்று கண்காணிப்பாளர் மெல்ல எடுத்துச் சொன்னார். ஆய்வாளருக்குக் கோபம் வந்துவிட்டது.

"ரோட்டைக் குத்தம் சொல்லாதீங்க சார். நானும் உங்களை மாதிரிதான் நினைச்சு, இதே ரோட்டைப் பத்திப் புகார் எழுதினேன். சிறப்பான நிலையில் இருக்குன்னு பெருமகிழ்ச்சியோட பதில் வந்துச்சு. யாரோ ஒரு கண்காணிப்பாளர் கையெழுத்துப் போட்டிருந்தார். பொறுப்பான அதிகாரி பொய் சொல்வாரா?"

பொறுப்பான அதிகாரி சொல்லமாட்டார் என்று கண்காணிப்பாளர் ஒப்புக்கொண்டார். கார் தேறவில்லை. திருத்திக்கொண்டு வரத் தவணை கொடுத்தார்கள்.

அன்றே அவர் மெக்கானிக்கிடம் போய் நின்றார். மெக்கானிக் ஒன்றும் குத்திக்காட்டவில்லை. தன் வயிற்று எரிச்சலைப் பற்றி வெகுநேரம் பேசிக்கொண்டே ரேஸ் செட்டைக் கழற்றினார். பரணிலிருந்து பழைய ஸ்பிரிங்குகள் இறங்கின. சோபா வாங்க வைத்திருந்த பணத்தில் நான்கு சாதாரண ஷாக் அப்சார்பரும் புது புஷ்களும் ஏறின. சக்கரங்களை நேர் பார்த்துக் கொடுத்தார்கள். ஆய்வாளர் அழுத்தினார். கார் ஒருமுறை எழும்பியது, அமைதி அடைந்தது. அவரும் அடைந்தார்.

அடுத்த முறை பிசியோதெரபி முடிந்து வரும் வழியில் மனைவி தூங்கிவிட்டாள். வீட்டு வாசலில் வண்டி நின்ற பிறகும் எழுந்திருக்கவில்லை. எழுப்ப மனமில்லாமல் கண்காணிப்பாளர் வண்டிக்குள்ளேயே உட்கார்ந்திருந்தார். வெகு காலத்துக்குப் பிறகு அவள் முகத்தில் சுளிப்பு இல்லை. ஒருமுறை அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார் என்றும் சொல்ல வேண்டும், அந்த அளவுக்கு அவர் நல்ல மனிதர்தான்.

கோளாறு மறுநாள் தொடங்கியது. அலுவலகம் போகும் வழியில் பள்ளங்கள் கண்ணுக்குத் தெரிந்தன, இடுப்புக்குத் தெரியவில்லை. ரோடு அவ்வளவு மோசம் இல்லையோ என்று அவருக்குத் தோன்றியது. அன்று வந்த புகார்களுக்கெல்லாம் சிறப்பான நிலையில் உள்ளது என்று எழுதியபோது, பணியில் சேர்ந்த நாளிலிருந்து முதல்முறையாக அதை மனதார நம்பி எழுதினார்.

இதை மாதக் கூட்டத்தில் ஒரு பேச்சுக்குச் சொல்லி வைத்தார். தலைமைப் பொறியாளர் நிமிர்ந்து உட்கார்ந்தார். சாலையைத் தொடாமலே சாலை நன்றாகிவிட்டது என்றால், இத்தனை வருடம் தாரும் ஜல்லியும் எதற்கு என்று கேட்டார். "பயணிகள் சொகுசு மேம்பாட்டுத் திட்டம்" அங்கேயே பிறந்தது. புகார் கொடுத்தவர்களுக்கெல்லாம், தங்கள் வாகனத்தின் சஸ்பென்ஷனை உடனே சீர்செய்து, சாலையின் சிறப்பை அனுபவிக்குமாறு அன்புடன் கேட்டுக்கொள்ளும் பதில் போனது. சாலைக்கு ஒதுக்கிய தொகை அலுவலகத்துக்குப் புது நாற்காலிகளாக வந்தது. அவற்றுக்கு அடியில் ஸ்பிரிங் இருந்தது.

ஜனங்கள் முதலில் திட்டினார்கள். பிறகு செலவு செய்தார்கள். செலவு செய்த பிறகு பெருமைப்பட்டார்கள். எங்கள் வண்டியில் தண்ணீர் டம்ளர் வைத்தால் சிந்தாது என்று ஒரு வீட்டார் சொல்ல, எங்கள் வண்டியில் குழந்தை முழித்துக்கொள்ளாது என்று எதிர்வீட்டார் சொன்னார்கள். மைத்துனர் சத்தமில்லாமல் கட்சி மாறி, மெத்துமெத்தென்று போவதுதான் இன்றைய நாகரிகம் என்று வீடியோ போட்டார். புகார்கள் குறைந்தன. ஷாக் அப்சார்பர்கள் சீக்கிரம் சீக்கிரமாகப் போயின, புதிது புதிதாக ஏறின. கண்காணிப்பாளருக்குப் பதவி உயர்வு வந்தது.

அந்த வருட மழையில் சாலையில் மிச்சமிருந்த தாரும் போய்விட்டது. தெருக்காரர்கள் சங்கக் கூட்டம் கூடியது. கையில் கட்டுப் போட்டிருந்த ஒருவர் எழுந்து, எல்லோரும் சேர்ந்து போய் ரோடு போடச் சொல்லிக் கேட்கலாமா என்றார். கூடத்தில் சலசலப்பு. ரோடு போட்டுவிட்டால், இவ்வளவு செலவு செய்து வண்டியைத் தயார் பண்ணி வைத்திருக்கிறோமே, அதெல்லாம் என்னாவது என்று ஒருவர் கேட்டார். அது நியாயம் என்று பலர் சொன்னார்கள். கண்காணிப்பாளர் அரசு ஊழியர் என்பதால் கருத்துச் சொல்லாமல் சிரித்துக்கொண்டிருந்தார்.

கட்டுப் போட்டவர் உட்காரவில்லை. பள்ளத்தில் விழுந்து எலும்பு முறிந்ததைச் சொல்லிக்கொண்டிருந்தார். முன் வரிசையிலிருந்த கண்காணிப்பாளரின் மனைவி டீச்சர், வலி என்றால் என்னவென்று தெரிந்தவள், கரிசனத்தோடு திரும்பினாள்.

"உங்க வண்டிக்கு ஷாக் மாத்தலையா?"

"சைக்கிள்ங்க."

கூட்டம் முழுவதும் நிம்மதியாக மூச்சு விட்டது.

"அப்ப உங்களுக்கு எதுக்குங்க ரோடு?" என்றாள் டீச்சர்.