தொண்ணூற்றொன்பதோடு நிறுத்துங்கடா

பேஸ்பால் மைதானத்தின் புல்லை வெட்டாமல் விட்டபோது கோர்டி வாலெக் ஒரு சின்ன விஷயத்தை மறந்துவிட்டார். இரண்டு அணிக்கும் புல் ஒன்றுதான்.

எதிரணிக்காரன் அடித்த பந்து தரையோடு உருண்டு வந்தது. அடித்தவன் ஓடித் தொட வேண்டிய பேஸ்களில் இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் நடுவில் நின்ற பிங்க்னி குனிந்து கையுறையை விரித்தான். பந்து வரவில்லை. அவனுக்கு நாலடி முன்னால் புல்லுக்குள் படுத்துவிட்டது. பிங்க்னி மண்டியிட்டு, தொலைந்த கம்மலைத் தேடுகிறவன் மாதிரி புல்லை இரண்டு கையாலும் விலக்கித் தேடினான். அவன் பந்தோடு எழுந்தபோது அடித்தவன் இரண்டாவது பேஸில் நின்று தொப்பியைச் சரிசெய்துகொண்டிருந்தான்.

"எழுந்திருடா! பந்து பொறுக்கத் தெரியாதவனுக்கு எதுக்குடா கையுறை?" என்று வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு கத்தினார் கோர்டி.

கத்திய பிறகுதான் அந்தப் புல் தன்னுடையது என்று நினைவு வந்தது. அதில் கோபம் இன்னும் ஏறியது.

அது போர்ட் வெல்டன் ஹெரான்ஸ் அணியின் தொண்ணூற்றேழாவது தோல்வி. சட்டையில் ஒற்றைக்காலில் நிற்கும் நாரைப் படம். ஊரில் எல்லோருமே அவர்களை நாரைகள் என்றுதான் சொன்னார்கள், அதுவும் நல்ல நாளில். சீசன் முடிய இன்னும் ஐந்து ஆட்டம் பாக்கி. ஐந்தும் சொந்த மைதானத்தில், பட்டப்பகலில்.

அந்த மைதானத்தின் புல்லும் மண்ணும் இருபத்தேழு வருடமாகக் கோர்டியின் பொறுப்பு. அவருக்கு முன்னால் அந்த வேலையைப் பார்த்தவர் பெயர் லண்டி. அவருடைய கடைசி வருடத்தில் நாரைகள் நூறு ஆட்டம் தோற்றார்கள். நூறாவது தோல்விக்கு மறுநாள் பயிற்சியாளர் முதல் சோளப்பொரி விற்றவர் வரை எல்லோரையும் கூட்டிப் பெருக்கி வெளியே தள்ளினார்கள். லண்டி இப்போது ஊர் எல்லையில் கல்லறைத் தோட்டத்தில் புல் வெட்டுகிறார். ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் கோர்டிக்கு வாழ்த்து அட்டை போடுவார். 'இங்கே யாரும் தோற்பதில்லை' என்று அதில் எழுதியிருக்கும்.

கோர்டிக்கு நூறு என்ற எண்ணே பிடிக்காது. நூறாவது பிறந்தநாள் கொண்டாடிய தன் பெரியம்மாவையே அவர் போய்ப் பார்க்கவில்லை.

"என்ன கோர்டி, முகம் கடுகு தடவின மாதிரி இருக்கு?" என்றாள் டெலோரஸ். வலது வாசலில் ஹாட் டாக் வண்டி அவளுடையது. வாய் அதைவிடப் பெரியது.

"பேசாதே. பிங்க்னிக்கு நல்லது பண்ணத்தான் புல்லை வளரவிட்டேன். பந்து வேகமா வந்தா விட்டுடறான். மெதுவா வந்தா பிடிப்பான்னு நெனச்சேன்."

"மெதுவா வந்தா பரவாயில்ல. பந்து வரவே இல்லையே!"

வண்டியில் தொங்கிய டிரான்சிஸ்டரில் ஆட்டம் முடிந்தபின் ரசிகர்கள் பேசும் நிகழ்ச்சி ஓடியது. "பிங்க்னியைத் தூக்கி ஏரியில போடுங்க சார்!" என்றது ஒரு குரல். இன்னொரு குரல், "டாலிவரை ஏன் சார் வித்தீங்க? அதைச் சொல்லுங்க மொதல்ல!" என்று அழுதது.

டாலிவர் பெயரைக் கேட்டதும் கோர்டி கையிலிருந்த மண் வாரும் ரேக்கைத் தரையில் ஓங்கிக் குத்தினார். மீன் பிடிக்கத் தெரிந்த ஒரே நாரை அவன்தான். இடதுகைப் பந்துவீச்சாளன். அவன் கால் வைக்கும் தோதுக்கு, பந்து வீசும் மேட்டை ஒன்பது வருடம் கோர்டி தன் கையாலேயே இழைத்து வைத்திருந்தார். ஜூன் மாதத்தில் அணியின் முதலாளி வேன் என்பவர் அவனை வேறு அணிக்கு விற்றுவிட்டார். பதிலுக்கு வந்தவர்களில் ஒருவனுக்கு முதுகுவலி. இன்னொருவனுக்கு ஊர் ஞாபகம்.

"அந்த ஆளுக்கு மூளையே கிடையாது. தோத்தாலும் மாடியில கண்ணாடிக்குப் பின்னாடி உக்காந்து சிரிச்ச முகமா இருக்கான் பாரு."

"விடேன். கடைசியா வந்தா அதுலயும் ஒரு லாபம் இருக்கு. அடுத்த வருஷம் புதுப் பசங்களை எடுக்கறப்போ கடைசி டீமுக்குத்தான் முதல் உரிமை. ஓக்லஹோமாவுல ஒரு பையன் இருக்கானாம், பந்து அடிச்சா மேகம் கிழியுமாம்."

"தோத்துட்டுப் பரிசு வாங்கறதா? தூ! அதுக்குப் பிச்சை எடுக்கலாம்!"

"ஹாட் டாக்ல துப்பாதே. காசு குடுத்து வாங்கறவங்க இருக்காங்க," என்றாள் டெலோரஸ்.

மறுநாள் வந்த அணி ஓட்டத்துக்குப் பேர்போனது. கண்மூடித் திறப்பதற்குள் அடுத்த பேஸுக்கு ஓடி அதைத் திருடிவிடுவார்கள். கோர்டி விடியலிலேயே குழாயை எடுத்து, முதல் பேஸைச் சுற்றி மண் சேறாகும்வரை தண்ணீர் விட்டார். ஓடட்டும், எப்படி ஓடுகிறான் பார்ப்போம்.

அவர்கள் ஓடவே இல்லை. ஹோம் ரன் அடித்தார்கள். பந்தை மைதானத்துக்கு வெளியே அடித்தவன் ஓட வேண்டியதில்லையே. ஐந்து பேர் சேற்றை ஓரமாகத் தாண்டி, மாதாகோவிலுக்குப் போகிறவர்கள் மாதிரி நிதானமாக நடந்து சுற்றிவந்தார்கள்.

அன்றைக்குச் சேற்றில் விழுந்தது ஒரே ஒருவன். பதினொரு நாளைக்குப் பிறகு முதல் முறையாகப் பேஸுக்கு வந்த பிங்க்னி. வயிற்றால் வழுக்கிக்கொண்டு எதிரணிக்காரனின் காலடியில் போய் நின்றான். எழுந்தபோது சட்டையில் நாரை தெரியவில்லை.

தொண்ணூற்றெட்டு.

ஆத்திரத்தில் கோர்டி பல்லைக் கடித்த கடியில் கடைவாய்ப் பற்கள் இரண்டு ஆடத் தொடங்கின. மருத்துவர் இரண்டையும் பிடுங்கிவிட்டு, இரண்டு நாள் வீட்டைவிட்டு நகரக்கூடாது என்றார். அந்த இரண்டு நாளும் கோர்டியின் ஆட்கள் வழக்கம்போலப் புல்லை வெட்டி, மண்ணைக் காயவிட்டு, கோடு போட்டார்கள்.

இரண்டு ஆட்டத்திலும் நாரைகள் ஜெயித்தார்கள்.

கோர்டி வீங்கிய கன்னத்தில் ஐஸ் மூட்டையோடு வானொலியைக் கட்டிப்பிடித்தார். "பாத்தியா! நான் போட்ட அஸ்திவாரம் இப்பத்தான் வேலை செய்யுது!" என்று மனைவியிடம் சொன்னார். பஞ்சு அடைத்த வாயிலிருந்து வந்ததால் அவளுக்கு ஒரு வார்த்தையும் புரியவில்லை. "சரி, கஞ்சி தரேன்," என்றாள்.

இன்னும் இரண்டு ஆட்டம். ஒன்று ஜெயித்தால் போதும். தொண்ணூற்றொன்பதோடு நின்றுவிடும்.

மூன்றாம் நாள் மைதானத்துக்கு வந்தவர், மூன்றாவது பேஸ் கோட்டோரமாக மண்ணைக் கொட்டி, உட்பக்கமாக லேசாகச் சரித்தார். மட்டையை வீசாமல் பந்தைச் சும்மா தொட்டு விழவைப்பதற்குப் பன்ட் என்று பெயர். அப்படி விழுந்த பந்து கோட்டுக்கு வெளியே போனால் செல்லாது. இந்தச் சரிவில் போகவே போகாது. நம் பசங்களுக்கு வேறு என்ன தெரியும், இதையாவது செய்யட்டும்.

பயிற்சியாளர் ரஸ்டியின் காதில் போய் ரகசியமாகச் சொன்னார்: "இன்னிக்குப் பன்ட் அடிக்கச் சொல்லு."

"பன்ட்டா? என் பசங்களுக்கு அது வராது கோர்டி," என்றார் ரஸ்டி, சூரியகாந்தி விதைத் தோலைத் துப்பிக்கொண்டே.

"உன் பசங்களுக்கு என்னதான்யா வரும்?"

"பசி வரும்."

எதிரணிப் பயிற்சியாளருக்குக் கண் நன்றாகத் தெரிந்தது. முதல் பந்து சரிவில் உருண்டு கோட்டைத் தொட்டுவிட்டு, வீட்டு ஞாபகம் வந்ததுபோல உள்ளே திரும்பியதை ஒருமுறை பார்த்தார். அவ்வளவுதான். அவருடைய ஆட்கள் ஏழு பன்ட் அடித்தார்கள். ஏழும் உள்ளேயே நின்றன.

தொண்ணூற்றொன்பது.

பார்வையாளர் வரிசையில் பாதிப் பேர் வெட்கத்தில் மளிகைக்கடைக் காகிதப் பையைத் தலையில் கவிழ்த்து, கண்ணுக்கு மட்டும் ஓட்டை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். "மூஞ்சியைக் காட்டித் திட்டுங்கடா கோழைகளா!" என்று அவர்கள்மேலும் பாய்ந்தார் கோர்டி. "நீயும் ஒண்ணு போட்டுக்கோ தாத்தா," என்று ஒரு பை இன்னொரு பையை நீட்டியது.

கடைசி ஆட்டம். எதிரணிக்குப் பந்து வீச வருகிறவன் பெயரைக் கோர்டி இரண்டு முறை படித்தார். டாலிவர்.

வெகுநேரம் மேட்டருகே நின்றார். ஒன்பது வருடம் அவனுக்காகவே உயர்த்தி வைத்த மேடு. அவன் உயரத்திலிருந்து இறங்கி வீசினால் பந்து இடிபோல வரும். மேட்டைத் தாழ்த்தினால் அவன் செத்தான். "மன்னிச்சுக்கடா," என்று முணுமுணுத்துக்கொண்டே மண்வெட்டியை எடுத்து இரண்டு அங்குலம் சீவினார். அவன்மேல் இருந்த பாசத்தையும் முதலாளிமேல் இருந்த கோபத்தையும் சேர்த்துச் சீவியதில் அது மூன்று அங்குலமாகிவிட்டது.

டாலிவர் வந்தான். மேட்டில் ஏறினான். காலால் தட்டிப் பார்த்தான். பிறகு நேராக வேலியோரம் வந்து கோர்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டான்.

"எப்படித் தெரிஞ்சுது கோர்டி? ஆகஸ்ட்லேர்ந்து முட்டி வலி உயிர் போகுது. மேடு தாழ்வா இருந்தாத்தான் வீச முடியும்னு டாக்டர் சொல்லிட்டாரு. எங்க டீம்லயே நாலு பேருக்குத்தான் தெரியும். நீ மனுஷனே இல்லய்யா, தெய்வம்!"

"போடா! போய்த் தொலைடா!" என்றார் கோர்டி.

அந்த மேட்டில் நின்று டாலிவர் தன் வாழ்நாளின் சிறந்த ஆட்டத்தை ஆடினான். நாரைகளில் ஒருவன்கூட முதல் பேஸைத் தொடவில்லை. கடைசியாக ஆட வந்த பிங்க்னி மூன்று பந்தையும் விட்டுவிட்டு, மட்டையைக் கீழே வைத்து, அப்படியே உட்கார்ந்து அழுதான். பைகளெல்லாம் எழுந்து அவனைப் பார்த்துக் கூச்சலிட்டன.

நூறு.

கோர்டி கொட்டகைக்குப் போய்த் தன் தொப்பி, தேநீர்க் குடுவை, லண்டியின் வாழ்த்து அட்டைகள் எல்லாவற்றையும் ஒரு பெட்டியில் போட்டுக்கொண்டிருந்தபோது தொலைபேசி அடித்தது. முதலாளியின் செயலாளர் பிளம்மர் அம்மாள். "கோர்டி, கொஞ்சம் மேல வரீங்களா?"

மாடிப்படி ஏற ஏறக் கோபமும் ஏறியது. துரத்தட்டும். ஆனால் அந்தப் பிங்க்னி பையன் தலையில் பழியைப் போட்டுத் துரத்தினால் சும்மா விடப்போவதில்லை. வேன் வாயைத் திறப்பதற்கு முன்பே கோர்டி மேசையில் குத்தினார்.

"பிங்க்னி மேல தப்பு இல்ல! பந்து புல்லுக்குள்ள போனது என்னால. அவன் வழுக்கி விழுந்தது நான் விட்ட தண்ணில. அந்த ஏழு பன்ட்டும் நான் போட்ட சரிவுல. இன்னிக்கு மேட்டைச் சீவினதும் நான்தான்! இந்த வாரம் தோத்த நாலு ஆட்டமும் என் கைவரிசை. ஜெயிச்ச ரெண்டும் நான் பல்லு பிடுங்கிட்டு வீட்ல கெடந்தப்போ! போதுமா? என்னைத் துரத்து. அந்தப் பையனை விட்டுடு. ஆனா ஒண்ணு, டாலிவரை வித்த நீயெல்லாம் ஒரு முதலாளியா?"

வேன் எழுந்து ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். அவருடைய தோள்கள் குலுங்கின. வெளியே போகும்படி கையை மட்டும் அசைத்தார்.

ஒரு பெரிய மனிதனை அழவைத்துவிட்டோமே என்று கோர்டிக்கு முதல்முறையாகக் கொஞ்சம் சங்கடமாக இருந்தது.

வெளியறையில் பிளம்மர் அம்மாள் பின்னல் ஊசியைக் கீழே வைத்துவிட்டு ஒரு நீளமான உறையை நீட்டினாள். கோர்டி கிழித்துப் படித்தார். திருப்பிப் படித்தார். துரத்தும் கடிதம் இல்லை. இன்னும் ஐந்து வருடத்துக்கு வேலை ஒப்பந்தம்.

"இது... ஆள் மாறி வந்துடுச்சா?"

"இல்ல, உங்களுக்குத்தான். இந்த வாரம் நீங்க பண்ணினதையெல்லாம் கண்ணாடி வழியா நாங்க பாத்துட்டுத்தான் இருந்தோம். ஆனா ஏப்ரல்லயே எங்க காதுல ஒரு வார்த்தை போட்டிருக்கக் கூடாதா, கோர்டி?" என்று பிளம்மர் அம்மாள் பெருமூச்சு விட்டாள். "கடைசி இடத்தைப் பிடிச்சு அந்த ஓக்லஹோமா பையனை எடுக்கறதுக்கு நாங்க மேல உக்காந்து படாத பாடு பட்டோம். நீங்க இருக்கீங்கன்னு தெரிஞ்சிருந்தா, டாலிவரை வித்திருக்கவே மாட்டோமே!"