பனங்கூரைக்கு ஒரு மாற்று முன்மொழிவு

நீர்வேலி,
ஐப்பசி, 1993.

அன்பும் பண்பும் நிறைந்த மைத்துனர் மார்க்கண்டு அவர்களுக்கு,

நல்லூரான் கிருபையால் நாங்கள் யாவரும் சுகம். அப்படித் தொடங்குவதுதான் முறை என்பதால் எழுதினேன். உண்மையை அடுத்த பந்தியிலிருந்து வாசித்துக்கொள்ளும்.

உமது மருமகள் அருந்ததிக்குக் கார்த்திகையில் பிள்ளை கிடைக்க வேண்டும். எங்கள் ஊர்ப் பிள்ளைப்பேற்று விடுதிக்கோ கூரை இல்லை. சண்டையோடு போனது போனதுதான். யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுபோகலாம் என்றால், மண்ணெண்ணெயில் ஓடுகிற கார் எந்த மதவடியில் நின்றுவிடும் என்று ஓட்டுகிறவனுக்கே தெரியாது. மருத்துவமாது லூர்த்தம்மா மட்டும் கலங்கவில்லை. "யோசியாதேங்கோ ஐயா, குடை பிடிக்க ஒரு ஆளை விடுங்கோ, பிள்ளையை நான் பிடிப்பன்" என்கிறா. எனக்கு இரவில் கண் மூட முடியவில்லை, மச்சான். ஒரே மகள்.

இந்த நேரம் பார்த்து கொழும்பில் நீர் வேலை பார்க்கும் அமைச்சு, அந்தக் கூரையைக் கட்டித்தர ஒப்பந்தக்காரரிடம் கேள்விப்பத்திரம் கோரியது. கொந்தராத்துக்காரனாகச் சந்தோஷப்பட்டேன், பிறக்கப்போகிற பிள்ளையின் பாட்டனாரென்ற முறையில் கோயில் பக்கம் திரும்பிக் கும்பிட்டேன், அதற்குப் பிறகுதான் வாசித்தேன். இது இரண்டு படிக் கேள்விப்பத்திரமாம். முதற்படியில் எப்படிக் கட்டுவேன் என்று மட்டும் எழுத வேண்டும், விலையைப் பற்றி மூச்சு விடக்கூடாது. அதை அமைச்சின் குழு ஒத்துக்கொண்டால்தான் இரண்டாம் படியில் விலை. பெண் பேசப் போனவர்கள் சாதகத்தை மட்டும் கொடுத்துவிட்டுச் சீதனத்தைப் பற்றி வாய் திறக்காமல் தேத்தண்ணீர் குடித்துவிட்டு வருவதைப் போல. அதுவும் பரவாயில்லை. கூரை கொங்கிறீற்றில் இருக்க வேண்டுமாம். இங்கே ஒரு பை சீமெந்து வரக்கூடாது என்று ஒரு அமைச்சு தடை போட்டிருக்கிறது, சீமெந்து இல்லாமல் கூரை போடக்கூடாது என்று இன்னொரு அமைச்சு நிபந்தனை போட்டிருக்கிறது, இரண்டுக்கும் இலச்சினை ஒன்றுதான்.

வேறு விதமாகக் கட்ட விரும்புகிறவர்கள் மாற்று முன்மொழிவு ஒன்றையும் கொடுக்கலாம் என்று கீழே ஒரு வரி இருந்தது. எனக்கு உயிர் வந்தது. ஆனால் மாற்றைத் திறந்து பார்ப்பதற்கு, மூல முன்மொழிவு அவர்கள் கேட்டபடியே பிசகில்லாமல் இருக்க வேண்டுமாம். ஆகவே முதலில் கொங்கிறீற்றுக் கூரைக்கு எழுதினேன். இல்லாத சீமெந்தை இல்லாத கம்பியோடு சேர்த்து, எத்தனை நாள் தண்ணீர் விட்டுப் பதப்படுத்துவேன் என்பது வரைக்கும் மனச்சாட்சிக்கு விரோதமாக எழுதினேன். பிறகு மாற்றை உண்மையாக எழுதினேன்: ஓட்டைத் தாங்கப் பனஞ்சிலாகை, விழுந்த வீடுகளின் ஓடு, பனங்கட்டித் தண்ணீர் விட்டுக் குழைத்த சுண்ணாம்பு.

பதில் வந்தது. என் பொய் மிகவும் திருப்திகரமாம். சீமெந்தை ஈரம் படாமல் எங்கே வைத்திருப்பேன் என்று மட்டும் தெளிவுபடுத்தட்டாம். இப்போது அது உங்களிடம்தான் இருக்கிறது, அங்கேயே பத்திரமாக இருக்கட்டும் என்று எழுதினேன். என் உண்மையில்தான் குற்றம் கண்டார்கள். அங்கீகரிக்கப்பட்ட மரங்களின் பட்டியலில் பனை இல்லையாம். குடாநாடு முழுவதும் பனைக்குக் கீழே படுத்தெழும்புகிறது, பட்டியலில் பனை இல்லை! பரிசோதனைக்கு ஒரு துண்டு அனுப்பச் சொன்னார்கள். கடவுச்சீட்டு எடுக்கக் கொழும்புக்கு வெளிக்கிட்ட அடைக்கலநாதனிடம் ஒரு சிலாகைத் துண்டைக் கொடுத்துவிட்டேன். பாவம், கிளாலிக் கடலை வள்ளத்தில் அதைக் கட்டிப்பிடித்தபடியே கடந்து, ஆமியின் சோதனைச் சாவடியில் அரை நாள் வெயிலில் நின்று, ஏன் எதற்கு என்று விளங்கப்படுத்தி, கடைசியில் துண்டை அங்கேயே விட்டுவிட்டுப் போனான். அதை அவர்கள் தங்கள் காவலரணுக்கு முட்டுக் கொடுத்துவிட்டார்களாம். அரசாங்கப் படையே நம்பிய மரம், இதைவிடச் சான்றிதழ் என்ன வேண்டும் என்று குழுவுக்கு எழுதினேன். ஏற்கவில்லை. இப்போது, மாற்று முறையில் ஒரு மாதிரியை அந்த இடத்திலேயே என் செலவில் கட்டிக்காட்டட்டாம், குழு வந்து பரிசோதிக்குமாம், பரிசோதித்த பிறகு நானே அதைக் கழற்றிவிட வேண்டுமாம். உமது அக்கா குணலட்சுமி கடிதத்தைக் கேட்டுவிட்டுச் சொன்னதை அப்படியே தருகிறேன்: "கொழும்பு ஓம் சொல்லுமட்டும் பிள்ளை உள்ளுக்கை இருக்குமோ? அதுக்கும் ரெண்டு படி வையுங்கோவன்."

ஆகவே மச்சான், நீர் அந்தக் குழுவின் காரியதரிசியோடு ஒரே மேசையில் சாப்பிடுகிற ஆள். ஒரு வார்த்தை கதைத்து, மாதிரியும் வேண்டாம் மண்ணும் வேண்டாம், மாற்றை ஒத்துக்கொண்டு இரண்டாம் படிக்கு உடனே கூப்பிடச் சொல்லும். உம்மைத்தான் நம்பியிருக்கிறேன். பிள்ளைகளுக்கு எங்கள் ஆசீர்வாதம். வெள்ளிக்கிழமைகளில் மச்சம் மாமிசம் சாப்பிடுவதை நிறுத்தும், அக்கா சொல்லச் சொன்னா.

இங்ஙனம்,
உமது நன்மை வேண்டும் அத்தான்,
க. தம்பிராசா

பின்குறிப்பு: வள்ளம் ஓடாததால் கடிதம் போகவில்லை; கொண்டுபோக இருந்தவரிடமிருந்து திருப்பி வாங்கி இதைச் சேர்க்கிறேன். இதற்கிடையில் மழை பிடித்துவிட்டது. வேறு வழியில்லாமல் மாதிரியைக் கட்டத் தொடங்கினோம். "எவ்வளவு நீளத்துக்குப் போடுறது?" என்று தச்சுவேலைக்கு வந்த சிவக்கொழுந்து ஓடாவி கேட்டார். "கடிதத்திலை நீளம் போடேல்லை" என்றேன். "அப்ப நனையாத மட்டும் போடுவம்" என்றார். ஊரே வந்து ஓடு சுமந்தது. விடுதியின் இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர் வரைக்கும் இப்போது மாதிரி நிற்கிறது. செவ்வாய்க்கிழமை கொட்டுகிற மழைக்குள் அருந்ததிக்குப் பெண்பிள்ளை. தாயும் பிள்ளையும் ஒரு துளி நனையவில்லை. நான் வெளியே நின்று அழுதேன், மழையில் யாருக்கும் தெரியவில்லை. நேற்று அடுத்த கட்டிலில் கோப்பாய்ப் பிள்ளைத்தாய்ச்சி ஒருத்திக்கு வலி தொடங்கிவிட்டது. எனவே மேலே எழுதிய ஒன்றையும் செய்யாதேயும். காரியதரிசியோடு கதைக்க வேண்டாம். குழு வந்து பார்த்தால் நான் கழற்ற வேண்டும். என் கேள்விப்பத்திரக் கோப்பை எந்த அலுமாரியில், எதற்கு அடியில் வைத்தால் ஒருவர் கையிலும் அகப்படாது என்பதை, இவ்வளவு காலம் அரசாங்கக் கந்தோரில் இருந்த உமக்கு நான் சொல்லித்தர வேண்டுமா?