அத்தானின் தலையில் இறங்கிய விண்கலம்

பெருமதிப்பிற்குரிய அத்தான் அவர்களுக்கு,

மைத்துனன் பணிவுடன் எழுதுவது. நீங்களும் அக்காவும் சுகம் என்று நம்புகிறேன். நாங்களும் சுகம். அப்படி எழுதுவது மரியாதை என்பதால் எழுதுகிறேனே தவிர, ஒரு வாரமாக எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. தயவுசெய்து இதை உட்கார்ந்துகொண்டு படிக்கவும்.

விஷயம் இதுதான். அடுத்த மாதம் வெளியாகும் விண்வெளிப் படத்துக்கு எங்கள் வீட்டுப் பாப்பா கம்ப்யூட்டரில் காட்சிகள் செய்து கொடுக்கிறாள் அல்லவா, அதில் ஒரு கிரகம் வருகிறது. கம்ப்யூட்டர் உருண்டை போடுவதில் படு கெட்டியாம், ஆனால் போட்ட உருண்டை எல்லாம் கடையில் தொங்குகிற பிளாஸ்டிக் பந்தாகவே பளபளக்கிறதாம், நிஜமான எதையாவது புகைப்படம் எடுத்து மேலே போர்த்தினால்தான் மண்ணும் மலையுமாகத் தெரியுமாம், இவர்களும் சுவரை எடுத்தார்கள், தார்ரோட்டை எடுத்தார்கள், ஒரு பூசணிக்காயைக்கூட எடுத்தார்கள், எதுவும் சரிப்படவில்லை, அந்த நேரம் பார்த்து, போன தடவை எங்கள் வீட்டு ஜன்னலோரம் நீங்கள் கண்ணயர்ந்தபோது பாப்பா எடுத்த படம் அவள் மேஜையில் கிடந்திருக்கிறது. "இதுதாம்மா நான் தேடின கிரகம்!" என்று டைரக்டர் குதித்துவிட்டாராம்.

அத்தான், அது உங்கள் தலை.

காதுக்கு மேலே நிலைப்படி இடித்த தழும்பு இருக்கிறதே, அது பள்ளத்தாக்கு. உச்சியில் இருக்கும் மச்சம் எரிமலை. விண்கலம் வந்து இறங்குவது உங்கள் முன்நெற்றியில். கடைசியில் கிரகம் வெடித்துச் சிதறுகிறது.

என் கல்யாண ஆல்பத்தில் உங்கள் தலை பாதி வெட்டுப்பட்டதற்கே இரண்டு வருஷம் நீங்கள் எங்கள் வாசலை மிதிக்கவில்லை, அக்காவையும் அனுப்பவில்லை. பாதித் தலைக்கே இரண்டு வருஷம் என்றால், முழுத் தலையும் வெடித்தால் என் கதி என்ன? எனக்கு இருப்பது ஒரே அக்கா. அவள் வராத வீட்டில் எனக்கு இருப்பே கொள்ளாது, அத்தான்.

அதனால் பாப்பாவின் ஆபீசுக்கே ஓடினேன். அங்கே மிஷினுக்குச் சூடு ஆகாதென்று குளிர வைத்துவிட்டு மனுஷர்கள் எல்லாம் ஸ்வெட்டரில் நடுங்குகிறார்கள். அவளோடு வேலை செய்யும் கண்ணாடிக்காரரிடம், சோடாபுட்டி என்றுதான் எல்லோரும் கூப்பிடுகிறார்கள், "தலையில கொஞ்சம் முடி வச்சிடுங்களேன், ஆள் தெரியாது" என்றேன். "ஐயோ சார், முடின்னா ஒவ்வொண்ணா கணக்குப் போடணும், மிஷின் படுத்துடும்! கிரகத்துக்கு எதுக்கு சார் முடி?" என்றார். சரி, சுற்றி ஒரு வளையமாவது போடுங்கள் என்றேன். போட்டார்கள். மப்ளர் கட்டிய அத்தானாகவே ஆகிவிட்டது. நிறத்தை மாற்றுங்கள் என்றேன், சிவப்பு அடித்தார்கள், கோபம் வந்த அத்தான்! "அப்பா, இப்பதான் மாமா அச்சு அசலா இருக்கார்" என்று பாப்பா சிரிக்கிறாள்.

வேறு வழி தெரியாமல் நேற்று டைரக்டர் கையைப் பிடித்துக்கொண்டு, "அவரை விட்டுடுங்க, என் தலையை எடுத்துக்குங்க" என்று கெஞ்சினேன். சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "கொஞ்சம் சின்ன கிரகம், பரவாயில்ல" என்றார். ஓரத்தில் மிச்சமிருந்த முடியையும் வழித்துவிட்டுப் போய் உட்கார்ந்தேன். ஆகவே இனி வெடிக்கப் போவது என் தலைதான். உங்கள் மரியாதைக்கு ஒரு குறையும் வராது. கவலையில்லாமல் அக்காவோடு படத்துக்கு வாருங்கள்.

அக்காவுக்கு என் அன்பு. பிள்ளைகள் நூறு வயசு நன்றாக இருக்கட்டும்.

என்றும் உங்கள் சொல் தட்டாத,
மைத்துனன்

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும்போது அக்கா ஃபோன் பண்ணினாள். பாப்பா அப்போதே உங்களிடம் கேட்டுத்தான் அந்தப் படத்தைக் கொடுத்தாளாமே! எங்களுக்கு ஆச்சரியமாக இருக்கட்டும், வாயைத் திறக்காதே என்று நீங்கள்தான் சொன்னீர்களாமே! ஆபீஸ் நண்பர்கள், எதிர்வீட்டுக்காரர், பல் டாக்டர் வரைக்கும் படத்துக்குக் கூப்பிட்டு வைத்திருக்கிறீர்களாம். "வெடிக்கிற இடத்துல எல்லாரும் எழுந்து நின்னு கைதட்டணும்னு சொல்லி வச்சிருக்கார்டா" என்கிறாள். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. உடனே சோடாபுட்டிக்கு ஃபோன் போட்டேன். மிஷினில் இடம் பற்றாமல் உங்கள் தலையை அழித்துவிட்டார்களாம், மறுபடி ஏற்றிப் பெரிய கிரகமாகப் போட நாள் இல்லையாம். பக்கத்தில் ஒரு குட்டி நிலா மட்டும் மொட்டையாகக் காலியாக இருக்கிறதாம், அதை உங்களுக்கென்று பிடித்து வைத்திருக்கிறேன். அது வெடிக்காது அத்தான், கடைசி வரைக்கும் அப்படியே நிற்கும். இதற்கும் கோபம் என்றால் நீங்கள் வர வேண்டாம். அக்காவை மட்டும் அனுப்பி வையுங்கள்.