ஆறுமுகத்தின் மாப்பிள்ளையைக் குளிப்பாட்டிய கதை

ஒரு உண்மையை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். என் நர்சிங் வாழ்க்கையில் தலை முதல் கால் வரை, புத்தகத்தில் போட்டபடி நான் குளிப்பாட்டிய முதல் நோயாளிக்கு நோயே கிடையாது. சரியாகச் சொன்னால் அவர் நோயாளியே கிடையாது. நோயாளியின் மாப்பிள்ளை.

இன்றைக்கு நான் ஒரு வார்டுக்கு இன்சார்ஜ். எனக்குக் கீழே பத்துப் பன்னிரண்டு பேர் வேலை பார்க்கிறார்கள். அவர்களிடம் படு விறைப்பாக நடந்துகொள்வேன். இந்தக் கட்டுரை அவர்கள் கண்ணில் படாமல் கர்த்தர் பார்த்துக்கொள்வாராக.

எங்கள் வீடு செம்பாக்கத்தில். அப்பா தேவசகாயம் அப்போது அரசு அலுவலகத்தில் சூப்பரின்டெண்டன்ட், அம்மா ஸ்கூல் டீச்சர். சொந்தக்காரப் பையன்கள் அத்தனை பேரும் இன்ஜினியரிங் முடித்து, மேடவாக்கத்தில் அபார்ட்மெண்ட் வாங்கி, தண்ணி லாரிக்காகக் காத்திருந்தார்கள். அந்த வரிசையில் என்னையும் நிறுத்திவிட வேண்டும் என்பது அப்பாவின் ஆசை. நானோ கணக்கு என்றாலே காய்ச்சல் வருகிற ஜாதி. நர்சிங் படிக்கிறேன் என்றேன்.

"நர்ஸா? நீயா? சாப்பிட்ட தட்டையே கழுவ மாட்டியேடா!" என்றார் அப்பா. (கேள்வி நியாயமானதுதான்.)

அம்மா அழுது, ஜெபம் பண்ணி, இரண்டு வேளை சாப்பிடாமல் இருந்து அப்பாவைச் சம்மதிக்க வைத்தார். அப்பா ஒரே ஒரு நிபந்தனை போட்டார்.

"ஒரு மாசம் பாக்குறேன். உன்னைப் பத்தி காலேஜ்லேர்ந்து ஒரு கம்ப்ளெயின்ட் வந்து நான் அங்க போய் நிக்க வேண்டியதாச்சு, அன்னைக்கே மூட்டையைக் கட்டு. இன்ஜினியரிங் சீட்டுக்குச் சொல்லி வச்சிருக்கேன்."

தாம்பரத்துக்குப் பக்கத்தில் காலேஜ். வகுப்பில் அறுபது பேர், அதில் நாங்கள் ஐந்து பையன்கள். லேபில் ஆளுயர ரப்பர் பொம்மை ஒன்று கட்டிலில் படுத்திருக்கும். சீனியர்கள் அதற்குக் குமரேசன் என்று பெயர் வைத்திருந்தார்கள். எங்கள் பாவங்களையெல்லாம் சுமந்தவர் அவர்தான்.

முதல் வாரம் கட்டில் விரிப்பு போடும் பாடம். விரிப்பின் மூலையை மடித்து மெத்தைக்கு அடியில் இறுக்கமாகச் செருக வேண்டும். நான் என் வெள்ளைக் கோட்டின் ஓரத்தையும் சேர்த்துச் செருகிவிட்டு, "முடிஞ்சது மேடம்" என்று கம்பீரமாகத் திரும்பி நடந்தேன். மெத்தையும் கூடவே வந்தது. மெத்தை மேலிருந்த குமரேசனும் வந்தார்.

இரண்டாவது வாரம் பெட் பாத், அதாவது படுத்த படுக்கையாக இருப்பவரை அங்கேயே துடைத்துக் குளிப்பாட்டுவது. நான் சோப்பு போட்ட வேகத்தில் குமரேசனின் வலது கை கழன்று தண்ணீர் பேசினுக்குள் விழுந்தது. "ஐயோ, சாரி சார்!" என்று நான் பொம்மையிடம் மன்னிப்புக் கேட்டதை வகுப்பே கேட்டது.

இங்கே ஒரு விஷயம் சொல்லியாக வேண்டும். பெட் பாத்தில் முதல் வேலை, நோயாளியின் பெயரைக் கேட்டு, கட்டிலில் தொங்கும் கேஸ் ஷீட்டோடு சரிபார்ப்பது. குமரேசன் வாயைத் திறக்க மாட்டார். அதனால் லேபில் நாங்கள் "பேஷண்ட்டை அடையாளம் பார்த்தாச்சு மேடம்" என்று ஒப்பித்துவிட்டு நேராகத் தண்ணீருக்குப் போய்விடுவோம்.

எங்கள் டியூட்டர் ஷீலா மேடம் கழன்ற கையைத் திருகி மாட்டிக்கொண்டே சொன்னார்: "ஜோயல், நாலாவது வாரம் வார்டு போஸ்டிங். ஒரே ஒரு பேஷண்ட்டுக்கு ஒழுங்கா பெட் பாத் குடுத்துக் காட்டு. அதுலயும் சொதப்பினா, மறுநாள் அப்பாவோட வந்து நில்லு."

அப்பா வந்தால் நர்சிங் போச்சு. இதில் கொடுமை என்னவென்றால், கணக்குக்குப் பயந்து ஓடிவந்த எனக்கு இரண்டே வாரத்தில் இந்த வேலை மனசாரப் பிடித்துப்போயிருந்தது. வீட்டில் தலையணைக்கெல்லாம் டெம்பரேச்சர் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த வெள்ளைக் கோட்டைக் கழற்றிக் கொடுப்பதை நினைத்தாலே அழுகை வந்தது.

அந்த நாளும் வந்தது. ஆண்கள் வார்டு, ஒன்பதாம் நம்பர் கட்டில். கேஸ் ஷீட்டைப் படித்தேன்: ஆறுமுகம், வயது அறுபத்தொன்று, கோவளம், சர்க்கரை நோய், வலது காலில் புண். கட்டிலில் ஒருவர் தலை வரை போர்த்திப் படுத்திருந்தார். ஸ்கிரீனை இழுத்து மறைத்துவிட்டுப் போர்வையை விலக்கினேன்.

கருகருவென்று தலைமுடி. முறுக்கு மீசை. வலை இழுத்து இறுகின தோள். அறுபத்தொரு வயசுக்கு மனுஷன் உடம்பை எப்படி வைத்திருக்கிறார் பார் என்று அசந்துபோனேன். (மீன் சாப்பிடுகிற உடம்பு அல்லவா!)

"வணக்கம் ஐயா. நான் முதல் வருஷ மாணவன். இப்ப உங்களைக் குளிப்பாட்டப் போறேன்."

அவர் கண்கள் பிதுங்கின. வேண்டாம் வேண்டாம் என்று தலையை ஆட்டினார், வாசல் பக்கம் பார்த்தார். ஆனால் வாயைத் திறக்கவில்லை. குமரேசனோடு பழகிய எனக்கு அதுவே பெரிய ஒத்துழைப்பாகத் தெரிந்தது. "பேஷண்ட்டை அடையாளம் பார்த்தாச்சு" என்று காற்றுக்குச் சொல்லிவிட்டுத் துணியை நனைத்தேன்.

எனக்குத் தெரியாத கதை இது: நிஜ ஆறுமுகம் அந்நேரம் ஆஸ்பத்திரி கேட்டுக்கு வெளியே டீக்கடையில் நின்று, சர்க்கரை தூக்கலாக ஒரு டீ குடித்துக்கொண்டிருந்தார். கட்டில் காலியாக இருந்தால் சிஸ்டர் கண்டுபிடித்துவிடுவார் என்று, துணைக்கு வந்த மாப்பிள்ளை சேகரைப் படுக்க வைத்து, "யாரு இன்னா கேட்டாலும் வாயத் தொறக்காத மாப்ள" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். கல்யாணமாகி ஆறே மாதம் ஆன மாப்பிள்ளை. மாமனார் பேச்சைத் தட்டுகிற தைரியம் இன்னும் வரவில்லை.

முகம் துடைத்தேன். காதுக்குப் பின்னால், கழுத்து மடிப்பு, அக்குள், விரல் இடுக்கு, ஒன்றையும் விடவில்லை. நகம் வெட்டினேன். இடுப்புக்குக் கீழே போனபோது நடந்த போர்வை இழுபறியை நான் விவரிக்கப்போவதில்லை. அவர் ஜெயித்தார்.

பிறகு வலது காலில் புண்ணைத் தேடினேன். இல்லை. எதற்கும் இருக்கட்டும் என்று இடது காலிலும் தேடினேன். அங்கேயும் இல்லை. சந்தேகப்பட வேண்டிய இடம் இதுதான் என்று நீங்கள் நினைப்பீர்கள். எனக்கோ பெருமை தாங்கவில்லை. "புண் முழுவதும் ஆறிவிட்டது" என்று என் நோட்டில் எழுதி, கீழே கோடு வேறு போட்டேன்.

பவுடர் போட்டாயிற்று. கடைசியாக முகச் சவரம். நான் ரேஸரை எடுத்ததும் அவர் இரண்டு கையாலும் மீசையைப் பொத்திக்கொண்டு அலறினார்.

"தம்பி, மீசைய மட்டும் வுட்டுடு! சத்தியமா நான் பேஷண்ட்டே இல்ல தம்பி!"

சத்தம் கேட்டு ஷீலா மேடம் ஸ்கிரீனை விலக்கி எட்டிப்பார்த்தார். "என்ன சொல்றார்?"

"கொஞ்சம் குழப்பத்துல இருக்கார் மேடம். தான் பேஷண்ட்டே இல்லைங்கிறார்."

மேடம் கேஸ் ஷீட்டைப் பார்த்தார். அவரைப் பார்த்தார். காலைப் பார்த்தார். "புண் எங்க?"

"ஆறிடுச்சு மேடம்!"

"காலைல கட்டு போட்டதே நான்தான்டா."

அந்த வினாடியில் ஒரு ஊன்றுகோல் சத்தம் கேட்டது. கையில் எண்ணெய் வடியும் பஜ்ஜிப் பொட்டலத்தோடு, காலில் பெரிய கட்டோடு, அறுபத்தொரு வயதுக்குப் பொருத்தமான ஒருவர் விந்திக்கொண்டு வந்தார்.

"இன்னா மாப்ள, பவுடர்லாம் அட்ச்சிகினு கீற? எங்க கெளம்பிட்ட?" என்றவர் பேசினையும் துண்டையும் பார்த்தார். விஷயம் புரிந்ததும் பொங்கிவிட்டார். "நாலு நாளா நான் இங்க கீறேன். என் மூஞ்சிய ஒருத்தன் தொடச்சி வுட்டானா? வந்து ஒரு அவர் ஆவல, மாப்ளைக்கு ராஜ உபசாரமா?"

"நீதான மாமா வாயத் தொறக்காதன்ன!" என்றார் சேகர் அழாத குறையாக.

வார்டே சிரித்தது. எட்டாம் நம்பர்க்காரர், "தம்பி, எனக்கும் அந்தப் பவுடர் கொஞ்சம் போட்டு வுடேன்" என்றார். ஷீலா மேடம் மட்டும் சிரிக்கவில்லை. பஜ்ஜிப் பொட்டலத்தைப் பிடுங்கிக்கொண்டு என்னிடம் சொன்னார்: "நாளைக்கு அப்பா."

மறுநாள் அப்பா இஸ்திரி போட்ட சட்டையில், வார்டை ஒட்டிய மேடத்தின் அறைக்கு வந்தார். பையில் இன்ஜினியரிங் காலேஜ் விண்ணப்பம், பேனாவோடு. மேடம் மெத்தையில் ஆரம்பித்து மீசை வரை எல்லாவற்றையும் சொன்னார். அப்பா முகத்தில் ஒரு சலனம் இல்லை. முடிந்தது என்றே நினைத்தேன்.

அப்போது கதவைத் தள்ளிக்கொண்டு ஆறுமுகம் வந்தார். பின்னால் சேகர்.

"மேடம், தப்பு என்னுது. பஜ்ஜி ஆசைல பண்ணிட்டேன். அதுக்கு இந்தப் புள்ளய வூட்டுக்கு அனுப்பிடாதம்மா. நேத்து எம் மாப்ள வூட்டுக்குப் போனா, எம் பொண்ணு யாருயா நீன்னு கேக்கறா. அவ்ளோ சுத்தம்! எனக்கும் அதே மாரி இவனையே செய்யச் சொல்லு."

மேடம் என்னைப் பார்த்தார், அப்பாவைப் பார்த்தார். "சரி. அப்பா முன்னாடியே செய்."

ஸ்கிரீன் ஓரமாக அப்பா கைகட்டி நின்றார். நான் முதலில் கேஸ் ஷீட்டைக் கையில் எடுத்தேன்.

"ஐயா, உங்க பேர் என்ன?"

"ஆறுமுகம்."

"வயசு?"

"அறுவத்தொண்ணு. புண்ணு இதோ கீது, பாத்துக்க. இன்னிக்கி ஆறிடிச்சின்னு எய்திடாத."

முகத்தில் ஆரம்பித்து மெதுவாகத் துடைத்துக்கொண்டே வந்தேன். கிண்டலடித்துக்கொண்டிருந்தவர் கொஞ்சம் கொஞ்சமாக அடங்கினார். கட்டு நனையாமல் நான் கால் விரல்களைத் துடைத்தபோது கண்ணை மூடிக்கொண்டு தாழ்ந்த குரலில் சொன்னார்: "நாத்தம் வருதுன்னு அஞ்சு நாளா எம் பொண்ணக்கூட கிட்ட வர வுடல தம்பி. இன்னிக்கி வரச் சொல்லணும்."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. திரும்பிப் பார்த்தேன். அப்பா கட்டியிருந்த கையை அவிழ்த்திருந்தார். மேடம் என் நோட்டை வாங்கிக் கையெழுத்துப் போட்டார்.

அப்பா என்னோடு பஸ் ஸ்டாப் வரை நடந்தார். பஸ் வருகிற நேரத்தில் கேட்டார்: "நாளைக்கு எத்தனை மணிக்கு கிளாஸ்?"

"எட்டு மணிக்குப்பா."

"வரும்போது மெத்தையை அங்கேயே விட்டுட்டு வா."

என்னிடம் அப்பா அடித்த முதல் ஜோக் அது. எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் பஸ்ஸை விட்டுவிட்டேன்.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் யாரும் நிம்மதியாகப் படுத்ததில்லை. நான் கையில் ஒரு டம்ளர் தண்ணீரோடு போனால்கூட, படுத்திருப்பவர்கள் பெயர், வயது சொல்லிவிடுவார்கள். போன வருஷம் அப்பாவுக்கு முட்டி ஆபரேஷன். வீட்டுக்கு வந்த மறுநாள் காலை பேசினும் துண்டுமாக அறைக்குள் போனேன். அப்பாவைப் பார்த்துக்கொண்டு களைத்துப்போன அம்மா அந்தக் கட்டிலில் கண்ணயர்ந்திருந்தார். தண்ணீர்ச் சத்தம் கேட்டதும் வாரிச்சுருட்டிக்கொண்டு எழுந்தார்.

"டேய், நான் அட்டெண்டர்டா! பேஷண்ட் பாத்ரூம்ல இருக்கார்!"

உள்ளேயிருந்து அப்பாவின் குரல் வந்தது: "பேர் தேவசகாயம், வயசு எழுபது, வலது முட்டி! சோப்பு போடறதுக்கு முன்னாடி எல்லாத்தையும் எழுதிக்கோ!"